தமுக்கும் தோரணமும்

படப்பையைத் தாண்டி ஒரகடம் நோக்கிச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், சேரப்பணஞ்சேரியும் அதை அடுத்த ஊர்களும் ஏரிப் பாசனத்தையே நம்பிப் பிழைத்த காலத்தில், நிலம் விற்பது ஓசையின்றி நடந்தேறிய காரியமாக இருந்தது. பெண்ணின் விவாகத்துக்காகவோ, ஏரி பெருகாத வருஷத்துக் கடனுக்காகவோ, பங்காளி வழக்குக்காகவோ பிதுரார்ஜித நிலத்தை விற்க நேர்ந்த குடித்தனக்காரர் அதை ஊரறியச் சொல்லக் கூசினார். தரகர் விளக்கு வைத்த பிறகே படியேறி வந்தார். பேச்சு திண்ணையில் நிகழாமல் உள்கட்டில் நிகழ்ந்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் போலவே, இதிலும் தொகை மூன்றாம் மனிதர் காதில் விழாமல் காக்கப்பட்டது. அச்சாரம் கைமாறிய பிறகுதான் செய்தி கிணற்றடிக்கு வந்து சேரும். இன்று அதே சாலையின் இருமருங்கிலும் வண்ணக் கொடிகளும் அலங்கார வளைவுகளும் நின்று போவோர் வருவோரையெல்லாம் மனை வாங்க அழைப்பதைக் காணும்போது, கூச்சமாக இருந்த ஒரு செயல் கொண்டாட்டமாக மாறிய விதத்தை ஆராய்ந்து பார்க்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

தரகுத் தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. பல்லவ மன்னர்கள் ஊர்களைப் பிரமதேயமாக அளித்தபோது பொறித்த செப்பேடுகளில், அரசனுக்குச் சேரவேண்டிய இறைகளின் வரிசையில் 'தரகு' என்பதும் எண்ணப்பட்டிருப்பதால், விற்போனையும் வாங்குவோனையும் கூட்டிவைத்துக் கூலி பெற்றவர்கள் வரி செலுத்தும் அளவுக்கு அந்நாளிலேயே நிலைபெற்றிருந்தார்கள் என்பது விளங்கும். அதனினும் வியப்பானது விற்பனையின் எழுத்து வடிவம். சோழர் காலத்து நிலவிலைச் சாஸனங்களைப் படிப்பவர், கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாற்புறத்து எல்லைகளும் வரிசையாகச் சொல்லப்பட்டு, இந்த எல்லைக்கு இது என்று வாய்க்காலும் வழியும் அயலானின் நிலமும் பெயர் குறிக்கப்பட்டு, மேல்நோக்கி வளர்ந்த மரமும் கீழ்நோக்கித் தோண்டிய கிணறும் உடும்பு ஓடும் தரையும் ஆமை தவழும் ஈரமும்கூட விடுபடாமல் அடக்கப்பட்டிருப்பதைக் காண்பார். பிற்காலத்துக் கிரயப் பத்திரங்கள் இதையே வடமொழியில் நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று அஷ்டபோகங்களாக வகுத்துச் சொல்லி, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ளக் கடவீர் என்று முடித்தன. ஊருக்கு மறைத்துச் செய்த அந்த விற்பனையில் வாங்குபவனுக்கு மறைத்தது ஒன்றுமில்லை. பிற்காலத்தில் இது தலைகீழாயிற்று என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

நிலத்தைப் பகிரங்கமாகக் கூறி விற்கும் வழக்கம் அந்நாளில் அறவே இல்லை என்பதன்று. இருந்தது, ஆனால் அது அவமானத்தின் அடையாளமாக இருந்தது. கடன் தீராமல் கோர்ட்டு ஜப்தி செய்த நிலத்துக்கே அந்த விளம்பரம் உரியது. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, ஜப்தி உத்தரவை அந்தச் சொத்தின் மீதோ அதன் அருகிலோ தமுக்கு அடித்து அறிவிக்க வேண்டும் என்றும், அதன் நகலைச் சொத்தின் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் விதிக்கிறது. தமுக்கின் ஓசை தெருவில் எழுந்தபோது அந்த வீட்டுப் பெண்கள் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆயினும் அந்தச் சட்டத்தில் ஒரு நேர்மை இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்: ஏல அறிவிப்பில் சொத்தின் விவரம், தீர்வை, அதன்மேல் உள்ள வில்லங்கம், வாங்குபவர் மதிப்பைத் தீர்மானிக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய ஏனைய சங்கதிகள் யாவும் கூறப்பட வேண்டும் என்று அதே கட்டளை சொல்லுகிறது. அதற்கும் முந்திய 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவோ, சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாத குறை சொத்திலோ பாத்தியதையிலோ இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது அவருடைய கடமை என்று விதித்தது. இன்று மனை விற்பனையைக் கற்பிக்கும் பயிற்சி வகுப்புகளில் முதற்பாடமாக இந்தப் பிரிவை வைக்கலாகாதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

பழமையை முற்றும் பொன்னாகக் காட்டுவதும் சத்தியமாகாது. தெற்கே உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், சபைக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராயிருத்தல் வேண்டும் என்று சொல்லுகின்றன; மனை இல்லாதவனுக்கு ஊரில் வாக்கும் இல்லை. செங்கற்பட்டுச் சீமையின் மிராசு முறையைப் பதினேழு வினாக்களுக்கு விடையாக எழுதி எல்லிஸ் துரை 1818-இல் அச்சேற்றிய நூல், பசுங்கரை, அருதிக்கரை என்னும் இருவகைப் பங்கீடுகளை விளக்குகிறது. பங்குகள் பொதுவாய் இருந்த பசுங்கரை ஊரில் வெளியூரானுக்கு நிலம் விற்க மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டியிருந்தது. அந்தச் சம்மதத்தின் மறுபக்கத்தை, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையில் காணலாம்: பறையர் குடியிருந்த குடிசையின் தரைகூட மிராசுதாரருடையதாக எண்ணப்பட்டதால், கூலி உயர்த்திக் கேட்டவன் இருப்பிடத்தையே இழக்கும் நிலையில் இருந்தான். அந்த அறிக்கையின் பயனாக 1892-இல் பிறந்த அரசாணையின்படி அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களே பிற்காலத்தில் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. பிற வகுப்பாருக்கு அவற்றை விற்கலாகாது என்பது நிபந்தனை. இன்று ஒரு மனைப்பிரிவின் வண்ணத்தாளைக் கையில் வாங்கும் எவரும், அதன் அடியில் கிடக்கும் நிலம் அந்த நிபந்தனைக்கு உட்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். வண்ணத்தாள் தானாக அதைச் சொல்லாது.

அளவையிலும் ஒரு வரலாறு உறைந்திருக்கிறது. அறுபது அடி நீளமும் நாற்பது அடி அகலமும் கொண்ட 2,400 சதுர அடியே இப்பகுதியில் ஒரு மனை. அத்தகைய 24 மனை ஒரு காணி. ஆங்கிலேயர் அந்த மனையை 'கிரவுண்டு' என்றார்கள். நாமும் அவ்வாறே சொல்லப் பழகி, நம் அளவையே அயல்நாட்டாரிடமிருந்து வந்ததென்று மயங்கிவிட்டோம்.

அமைதி குலைந்த காலத்தை ஓரளவு துல்லியமாகவே குறிப்பிடலாம். 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டைகளை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010-லும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் திறக்கப்பட்டன. நெல்லின் விளைச்சலைக் கொண்டு மதிக்கப்பட்ட நிலம், தொழிற்சாலை வாயிலிலிருந்து எத்தனை நிமிஷத் தூரம் என்பதைக் கொண்டு மதிக்கப்படலாயிற்று. காணிக் கணக்கில் கைமாறியது கிரவுண்டாயிற்று. கிரவுண்டு அரை கிரவுண்டாயிற்று. அதுவும் சுருங்கி அறுநூறு சதுர அடியாயிற்று. ஏர் ஓடிய தரையைச் சமன்செய்து, செம்மண் சாலை இழுத்து, வெள்ளையடித்த எண்கற்களை வரிசையாக நட்டுவிட்டால் 'பிளாட் போட்டாகிவிட்டது' என்பது ஜனங்களின் பேச்சு. நோக்கியா 2014-இல் மூடப்பட்டபோது, அதன் பெயரைச் சொல்லி மனை விற்றவர்கள் அடுத்த தொழிற்சாலையின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும், வயலை இழக்கப் போகும் ஏகனாபுரத்து மக்கள் போராடிக்கொண்டிருக்கையிலேயே, வராத விமானத்தின் பெயரும் விளம்பரத்தில் ஏறிவிட்டது.

இக்காலத்து மனைக் காட்சியின் இலக்கணம் யாவரும் அறிந்ததே. காலை வேளையில் தொலைக்காட்சியில் சின்னத்திரை நடிகர் ஒருவர் வெயிற்கண்ணாடி அணிந்து, வெறுந்தரையில் நின்று கையை விரித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து இலவச வேன் புறப்படும். மதியம் பிரியாணிப் பொட்டலம் உண்டு. அன்றே முன்பணம் கட்டினால் தங்க நாணயமோ இலவசப் பத்திரப்பதிவோ உண்டு. ஒரு முறை உறவினர் ஒருவருடன் அவ்வேனில் நானும் சென்றேன். பூமாலை சுற்றிய வளைவு, வழிநெடுக நட்ட தென்னங்கன்று, நாற்காலியிட்ட பந்தல் யாவும் இருந்தன. என் உறவினர் கேட்ட கேள்வி ஒன்றே: "தம்பி, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" உடன் வந்த இளைஞர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார், அதில் பூங்காவுக்குப் பச்சையும் சாலைக்குச் சாம்பலும் இருந்தனவே தவிர, தண்ணீருக்கு வண்ணம் ஒன்றும் இல்லை.

விற்கப்போகும் வீட்டை ஒப்பனை செய்து காட்டுவதை ஒரு தனிக் கலையாக அமெரிக்காவில் வளர்த்தவர், சியாட்டில் நகரப் பக்கத்துத் தரகரான பார்ப் ஷ்வார்ஸ் என்னும் பெண்மணி. 1970-களின் தொடக்கத்தில், நாடக அரங்கை அமைப்பதுபோல் வீட்டை அமைத்துக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லி, அந்தத் தொழிலுக்கு மேடையின் பெயரையே வைத்தார். வீட்டைத் துலக்கிக் காட்டுவதில் குற்றமில்லை. போகிக்கு வெள்ளையடித்து, வாசலில் செம்மண் பட்டை இழுத்துக் கோலமிட்டு, நிலையில் மாவிலைத் தோரணம் கட்டும் நமக்கு அது அந்நியமும் அன்று. பழைய சாமான்களை அகற்றி அறையின் விஸ்தீரணத்தைக் காட்டலாம். கிழக்கு ஜன்னலைத் திறந்து காலை வெளிச்சத்தில் படமெடுக்கலாம். கிணற்றையும் துளசி மாடத்தையும் துலக்கி வைக்கலாம். ஆனால் நம்முடைய ஒப்பனை, அங்கேயே வாழப் போகிறவன் தன் வீட்டுக்குச் செய்தது. விற்றுவிட்டுப் போகிறவன் செய்யும் ஒப்பனையில் ஓதம் ஏறிய சுவரின்மேல் புதுச் சாயம் ஏறிவிடுகிறது. மாதிரி வீட்டில் அளவிற் சிறிய கட்டிலைப் போட்டு, கதவு மாட்டாமல் விட்டு, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி பதித்தால் பத்தடி அறை பதினான்கடியாகத் தோன்றும். அகலக்கோண லென்ஸ் மேலும் இரண்டடி சேர்த்துக்கொடுக்கும்.

மனை விளம்பர இணையத்தளங்களான 99ஏக்கர்ஸ் 2005-லும் மேஜிக்பிரிக்ஸ் 2006-லும் தோன்றிய பிறகு, வேனும் பந்தலும் இல்லாமலே மனை காட்ட வழி பிறந்தது. நாளிதழின் வரி விளம்பரத்தில் நான்கு சொல்லுக்குள் அடங்கிய விற்பனை, படமாகவும் காணொளியாகவும் விரிந்து, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர் கைப்பேசியில் சேரப்பணஞ்சேரியின் வயலை விரித்துக் காட்டிற்று. தொலைவிலிருந்து வாங்குபவர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்க இயலாது; கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்க்க இயலாது; அயல்வீட்டுக் கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்க இயலாது. ஆகையால் படம் ஒன்றே அவருக்குப் பிரமாணம். படமெடுப்பவரின் பொறுப்பு முன்னைவிடப் பன்மடங்கு கனத்துவிட்டது.

மறைக்கப்பட்டதை இயற்கையே வெளிப்படுத்திய நாள் 2015 டிசம்பர் 1. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீரே அடையாற்றின் ஊற்று. அந்த நீர் பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் அடையாற்றில் சேருவது இவ்விரு ஊர்களுக்கும் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில். எனவே இங்கே வீடுகளுக்குள் புகுந்தது வேறெங்கிருந்தோ திறந்துவிடப்பட்ட நீரன்று, அந்தந்த ஊரின் ஏரியும் கால்வாயும் தம் பழைய வழியைத் தேடி வந்த நீர். பழைய கிரயச் சாஸனமாயிருந்தால் 'இந்த எல்லைக்கு வாய்க்கால்' என்று ஒரு வரி இருந்திருக்கும். படகில் ஏறி மொட்டைமாடியிலிருந்து இறங்கியவர்களின் வண்ணத்தாளில் அவ்வரி இல்லை.

அதன்பின் சட்டம் விரைந்தது. அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் தடை விதித்தது. அடுத்த ஆண்டில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய மனை வணிகச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டின் விதிகள் 2017 ஜூனில் பிறந்தன. அச்சட்டத்தின்படி, 500 சதுர மீட்டரையோ எட்டு வீடுகளையோ மிஞ்சும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யலாகாது. விளம்பரத்தில் பதிவெண் இருத்தல் வேண்டும். அத்தகைய திட்டத்தை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றவராயிருத்தல் வேண்டும். ஒப்பந்தம் எழுதுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி நஷ்டமடைந்தவர், போட்ட பணம் முழுவதையும் வட்டியுடன் திரும்பப் பெற்று விலகிக்கொள்ளலாம். மாதிரி வீட்டைச் சட்டம் பெயர் சொல்லியே குறித்திருப்பது எனக்கு மிகுந்த திருப்தி அளிக்கிறது. ஒப்பனைக்கும் சத்தியம் உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

சென்ற ஐப்பசி அடைமழையில், ஒரகடம் போகும் வழியில் ஒரு மனைப்பிரிவின் வாசலில் ஒதுங்கி நின்றேன். வளைவில் கட்டிய கொடிகள் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. நடுவயதுத் தரகர் ஒருவர் ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பேசியுமாக, கணுக்காலளவு நீரில் நடந்துகொண்டே படம் பிடித்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் எடுக்கலாமே என்றேன். "வெயில்ல எடுத்தது அனுப்பியாச்சுங்க ஐயா. மஸ்கட்ல இருக்கிறவரு மழையில எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்றார். பிறகு கைப்பேசியை முகத்தருகே பிடித்து, பதிவெண்ணையும் புல எண்ணையும் நிறுத்திச் சொல்லி, ஒவ்வொரு திசையாகத் திரும்பிக் காட்டலானார்: கிழக்கே இருபத்துமூன்றடிச் சாலை, தெற்கே அடுத்த மனை, மேற்கே வேறொருவர் பட்டா நிலம், வடக்கே, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டடி முன்னே சென்று, ஏரிக் கால்வாய்.