சிலம்பும் ஏதுவும்

தமிழில் அளவையியலின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் துணைநிற்கும் நூல் மணிமேகலை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் பதிப்பித்த இக்காப்பியத்தின் 29ஆம் காதையாகிய தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை, பௌத்தத் தருக்கத்தை விரித்துரைப்பது. கதையோட்டத்தைத் தடுக்கும் வறண்ட பாடம் என அதனைக் கடந்து செல்வோர் பலர். காப்பியத் தலைவியின் பிறப்பை நினைவிற் கொண்டு படிப்போர்க்கு அக்காதை வேறொரு பொருள் தரும்.

காஞ்சியில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவைகள் காட்சி, கருத்து என இரண்டே. கருத்தளவைக்குரிய உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்பன. இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்பது பௌத்தர் கொள்கை. மலைமேல் தீ உண்டு என்பது பக்கம். அங்குப் புகை எழுதல் ஏது. தீயும் புகையும் ஒருங்கே காணப்படும் அடுக்களை திட்டாந்தம்.

இச்சிறு சான்றினுள் இருவகைச் சிந்தனை நெறிகள் இணைந்துள்ளன. அடுக்களை முதலிய பல இடங்களிற் கண்டவற்றைத் தொகுத்து, புகையுள்ள இடமெல்லாம் தீ உண்டு என்னும் பொதுவிதியை அடைதல் விதிவரு முறை. அவ்விதியை மலைக்குப் பொருத்தி முடிவு காணுதல் விதிவிளக்கு முறை. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) பின்னதற்கு வடிவ இலக்கணம் வகுத்தார். முன்னதைப் புதிய அறிவியலின் கருவியாக இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேக்கன் 1620இல் முன்வைத்தார். விதிவிளக்கு முறையில், எடுகோள்கள் மெய்யாயின் முடிவு பொய்யாகாது. விதிவரு முறை தரும் முடிவோ எத்துணைச் சான்று பெறினும் மாறுபட்ட ஒரு சான்றால் வீழக்கூடும்.

இவ்வேறுபாட்டை அறியாமையின் விலை ஓர் உயிர் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. கொலைக்களக் காதையில், கோவலனின் தோற்றம் கள்வனுக்குரியதன்று எனக் காவலர் ஐயுறுகின்றனர். அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். முன்பு நிகழ்ந்த களவொன்றையும் எடுத்துரைக்கிறான். முன்னைக் கள்வர் பற்றிய செய்திகளைக் கொண்டு முன்னிற்பவனைக் கள்வனாக்கும் முயற்சி அது. பாண்டியன் கொண்ட ஏதுவோ சிலம்பு கையில் இருத்தல் ஒன்றே. கவர்ந்தவன் கையிலும் சிலம்பு இருக்கும். உரியவன் கையிலும் இருக்கும். இருபாலும் செல்லும் இத்தகைய ஏதுவை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியுள் வைத்து, சாதாரணம் எனப் பெயரிடுகின்றது.

வழக்குரை காதையில் கண்ணகி கைக்கொள்வது விதிவிளக்கு முறை. தேவியின் சிலம்பு முத்துப்பரல் உடையது. கோவலனிடம் பெற்ற சிலம்போ மாணிக்கப்பரல் உடையது. ஆகவே அது தேவியின் சிலம்பன்று. முதற்கூற்றை அரசனே மொழிந்தான். இரண்டாவதை உடைந்த சிலம்பே மெய்ப்பித்தது. முடிவை மறுக்க வழியின்றி அரசன் உயிர் துறந்தான்.

அக்கோவலனின் மகளே மணிமேகலை. தந்தையைக் கொன்றது ஒரு போலி ஏது. மகள் கற்பதோ பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என முப்பத்து மூன்று போலிகளை இனங்காணும் கலை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் புலவர் கருதியே இணைத்தார் எனத் துணிவதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் இரு காப்பியங்களையும் ஒருசேரக் கற்போர் அத்தொடர்பை உணராதிருத்தல் அரிது.

அறிஞர் உலகும் இவ்வெச்சரிக்கைக்கு விலக்கன்று. வடமொழி நியாயப்பிரவேசம் என்னும் நூலிலும் இதே முப்பத்து மூன்று போலிகள் உள்ளன. இவ்வொற்றுமை கொண்டு மணிமேகலை அந்நூலுக்குப் பிற்பட்டது என்றனர் ஒரு சாரார். 1928இல் நூல் வெளியிட்ட எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், அக்காதை திக்நாகருக்கு முற்பட்ட நிலையைக் காட்டுவது என வாதிட்டார். ஒற்றுமை மட்டும் கடன் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் எனத் தெரிவிக்காது. அதுவும் இருபாலும் செல்லும் ஏதுவே. பிற சான்றுகள் துணைநின்றாலன்றிக் காலம் துணிதல் இயலாது.

கவிதை உவமையால் வாழ்வது. தருக்கம் திட்டாந்தத்தால் நிற்பது. ஒன்றைப் போல மற்றொன்று என்னும் சொல்லே இரண்டுக்கும் பொது. அச்சொல் எங்கே ஒளி தரும், எங்கே உயிர் பறிக்கும் என்பதைத் தேர்ந்தறிதல் புலவர்க்கும் உரிய கடமையாகும்.