பகேரியாவின் கல் அந்நியர்கள்

பகேரியாவில் ஒரு மாளிகையைப் பார்க்கக் கர்ப்பிணிப் பெண்கள் பயந்தார்கள். 1770இல் சிசிலிக்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரர் பாட்ரிக் பிரைடன் இதை எழுதிவைத்திருக்கிறார். மதிலின் மேல் நிற்கும் உருவங்களைக் கண்டால் பிறக்கப்போகும் பிள்ளையும் அப்படியே பிறந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அவற்றை உடைத்து எறிந்துவிடலாமா என்ற யோசனைகூட எழுந்ததாம். அந்த மாளிகைதான் வில்லா பலகோனியா. வேலைக்குப் போகும் வழியில் நான் அதைக் கடந்துதான் நடக்கிறேன்.

பகேரியா பலெர்மோவிலிருந்து கிழக்கே 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பலெர்மோவில் எங்கட சனம் நிறைய. ரொசாலியா அம்மாளின் குகைக்கோயிலுக்கு மலையேறிப் போகும் தமிழரைப் பார்த்து இத்தாலியர்களே ஆச்சரியப்படுவார்கள். எனக்கு வேலை வாய்த்தது மட்டும் பகேரியாவில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். சின்யோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு மூட்டில் வருத்தமே தவிர மூளையில் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் பறக்கும் தட்டு நிகழ்ச்சிகள் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னோடு வாதாடுவார். “எங்கள் ஊர்ப் பூதங்களை ஒருவரும் கற்பனையில் செய்திருக்க முடியாது, எதையோ கண்டுதான் செய்திருக்கிறார்கள்” என்று ஒருநாள் அவருடைய பேரன் சொன்னான். கைத்தொலைபேசியில் காணொளியும் காட்டினான். சின்யோரா என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் இந்த மாளிகையின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பலகோனியாவின் இளவரசர் ஃபெர்டினாண்டோ ஃபிரான்செஸ்கோ கிராவினா 1715இல் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வரைபடம் போட்டவர் தொமாசோ மரியா நாப்போலி என்ற தொமினிக்கன் சபைத் துறவி. அந்தக் காலத்தில் பலெர்மோப் பிரபுக்கள் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்க இங்கே ஆளுக்கொரு மாளிகை கட்டினார்கள். இதுவும் அதில் ஒன்று, அவ்வளவுதான். பூதங்கள் பிறகு வந்தவை. 1749 முதல் பேரன் ஃபிரான்செஸ்கோ ஃபெர்டினாண்டோ சிற்பிகளை வைத்து, பக்கத்துக் கடலோர ஊரான அஸ்ப்ராவின் மெத்தென்ற மஞ்சள் கல்லில் ஒன்றன்பின் ஒன்றாகச் செதுக்க வைத்தார். பார்க்க வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் எண்ணினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை அறுபது சொச்சம். கடற்காற்று அவற்றின் மூக்கையும் விரல்களையும் அரித்துவிட்டது. ஆதியில் எது கொம்பு, எது தொப்பி என்று இப்போது சொல்ல முடியாத உருவங்கள் பல. காணொளிக்காரர்களுக்கு இந்த அரிப்பு பெரிய உதவி.

இளவரசர் ஏன் இப்படிச் செய்வித்தார்? ஊர் வாய் சொல்லும் கதை, மனைவியின் கள்ளக்காதலர்களைக் கேலி செய்யத்தான் என்பது. ரசவாதக் குறியீடு என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே முழுத் திருப்தி தரவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் கெதே 1787 ஏப்ரல் 9ஆம் திகதி இங்கே வந்து, தான் கண்டதை வகைபிரித்துப் பட்டியலாக எழுதினார். அவருக்குப் பிடிக்கவே இல்லை, பைத்தியக்காரத்தனம் என்றார். பிடிக்காத ஒருவர் பொறுமையாக எடுத்த பட்டியல் என்பதால்தான் நான் அதை நம்புகிறேன். மனிதக் கைகளோடு குதிரை, குதிரைத் தலையோடு மனிதன், குரங்குகள், பாம்புகள், டிராகன்கள். இவற்றோடு கூனர், குள்ளர், பிச்சைக்காரர், வாத்தியக்காரர். பிறகு துருக்கியரும் வட ஆபிரிக்க மூர்களும்.

அந்தக் கடைசி இரண்டு பெயரில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வேற்றுக்கிரகம் தேவையே இல்லை. இந்தக் கரைக்கு அந்நியர் கடல் வழியாகத்தான் வந்தார்கள். வட ஆபிரிக்கத் துறைகளிலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் சிசிலியின் மீனவரையும் விவசாயிகளையும் பிடித்துக்கொண்டுபோய் அடிமைகளாக விற்றன. இதே கரையிலிருந்து மறுபக்கம் போய்ப் பிடித்துவந்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பகேரியா வந்துபோன சில நாட்களில் கெதே பலெர்மோத் தெருவில் ஒரு காட்சியைக் கண்டார். அரசவை உடையில், பொய்முடி தரித்த ஒரு முதியவர், குப்பையும் சேறுமான தெருவின் நடுவே நிதானமாக நடந்துபோகிறார். வேலையாட்கள் வெள்ளித் தட்டேந்திக் கடைகடையாகக் காசு கேட்கிறார்கள். கடற்கொள்ளையரிடம் சிக்கியவர்களை மீட்கும் பணத்துக்கு அந்தச் சேகரிப்பு. நடந்தவர் வேறு யாருமல்ல, பூதங்களைச் செதுக்க வைத்த அதே பலகோனியா இளவரசர்தான். ஒரு கையால் மூரைப் பூதங்களோடு சேர்த்துக் கல்லில் நிறுத்தியவர், மறு கையால் மூரிடமிருந்து ஆட்களை மீட்கப் பிச்சை எடுத்தார். அடுத்த ஆண்டு இறந்தும்போனார்.

இதைச் சின்யோராவுக்குச் சொன்னபோது, “அப்படியென்றால் நீயும் அந்த மதிலில் இருந்திருப்பாய்” என்றார். இருந்திருப்பேன். கறுத்த நிறம், தெரியாத மொழி, கடல் தாண்டி வந்தவன்.

யாளியைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கலப்பு மிருகம் ஒன்றும் புதிதில்லை. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, தூணுக்குத் தூண் நிற்கிறது. காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் யாளி எங்கிருந்து இறங்கியது என்று எந்தத் தச்சனும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் எரிக் ஃபான் டெனிக்கன் 1968இல் கடவுளரின் தேர்கள் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்ட நாளிலிருந்து உலகத்தின் எல்லாப் பழங்கோயிலுக்கும் விண்வெளியிலிருந்து ஒரு தகப்பன் தேடப்படுகிறது. எங்கட பக்கத்திலும் குறைவில்லை. இராவணனின் விமானத்தை வரலாறு என்றே நம்புகிறவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். 2019இல் நாடு அனுப்பிய முதல் செயற்கைக்கோளுக்கே ராவணா-1 என்றுதான் பெயர். பெயரில் தவறில்லை. தச்சனின் மூளையை நம்ப மறுப்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

சிசிலியில் அந்நியர் கடலை விட்டு வானத்துக்கு மாறியது 20ஆம் நூற்றாண்டில். கத்தானியாவில் யூஜெனியோ சிராகுசா என்று ஒருவர், தீர்வை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், 1962இல் எட்னா எரிமலைச் சரிவில் விண்வெளி மனிதர்களைச் சந்தித்ததாகச் சொன்னார். உலகத் தலைவர்களுக்கு அவர்களின் செய்தியைக் கடிதமாக எழுதினார், சீடர்களும் சேர்ந்தார்கள். அவர் சொன்னதற்கு அவரே சாட்சி.

கனெத்தோ கதை அப்படி அல்ல, அது கனமானது. பகேரியாவில் மெசினா ரயிலேறிக் கிழக்கே போனால், கடற்கரையோரம் கரோனியா ஊரைச் சேர்ந்த கனெத்தோ என்ற சிறு குடியிருப்பு. 2004 ஜனவரியில் அங்கே வீடுகளுக்குள் மின்பெட்டிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் தீப்பிடிக்கத் தொடங்கின. மின்சாரத்தை வெட்டிய பிறகும் தீ நிற்கவில்லை. சனத்தை வெளியேற்றினார்கள். மின் நிறுவனத்தார், ரயில்வேக்காரர், இயற்பியலாளர், கடற்படையினர் என்று ஆளாளுக்கு வந்து அளந்தார்கள். ரோமின் பேர்போன பேயோட்டும் பாதிரியார் கபிரியேலே அமோர்த், மின்சாதனங்களில் பிசாசு குடியேறுவதுண்டு என்று பத்திரிகைக்குச் சொன்னார். ஆராய்ந்த அரசுக் குழுவின் இடைக்கால அறிக்கை 2007இல் பத்திரிகைகளில் கசிந்தது. மனிதர் செய்ததாகத் தெரியாத மின்காந்த வீச்சு என்றும், பூமிக்கு வெளியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்றும் அதில் இருந்ததாகச் செய்தி. உலகம் முழுக்கத் தலைப்பு. அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சின்யோரா இன்றும் சொல்கிறார்.

2014இல் தீ திரும்பி வந்தது. இந்த முறை காவல்துறையினர் இரகசியமாகக் கேமராக்களைப் பொருத்திவைத்துக் காத்திருந்தார்கள். 2015 மார்ச் முதல் வாரத்தில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் கைதானார். தீவைப்பு, மோசடிக்குச் சதி, பொய் அபாய அறிவிப்பு என்பவை குற்றச்சாட்டுகள். நட்டஈட்டுப் பணத்தின் பேரில் சந்தேகம் விழுந்தது. 2004இல் எரிந்த ஒவ்வொரு பெட்டிக்கும் இது விடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடை தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு நிறுத்தாமல் ஒரு வேற்றுக்கிரகவாசியை உட்காரவைத்ததும், சிற்பியிடம் மூரைக் குதிரைத் தலையனுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னதும் ஒரே குணம்தான்.

அதே 2015 மார்ச் முதல் வாரத்தில், 6ஆம் திகதி, நாசாவின் டோன் விண்கலம் சீரீஸ் என்ற குறுங்கோளின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. சீரீஸ் பலெர்மோவின் பிள்ளை. பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்ற கேள்விக்கு இந்தக் கரை கொடுத்த உருப்படியான ஒரே பங்கு அதுதான் என்பேன்.

பலெர்மோ அரச மாளிகையின் உச்சியில், சாந்தா நின்ஃபா கோபுரத்தில், 1790இல் வானாய்வகம் தொடங்கியது. அதன் தலைவர் ஜுசெப்பே பியாட்சி ஒரு துறவி, வட இத்தாலியில் பிறந்தவர். இந்தத் தீவுக்கு அவரும் வந்தேறிதான். வானாய்வகம் எழுமுன்பே லண்டனுக்குப் போய், பிந்திக் கொடுப்பதற்குப் பேர்போன கருவித் தச்சர் ஜெஸி ராம்ஸ்டனின் பட்டறையில் காத்துக் கிடந்து, ஐந்தடி விட்டமுள்ள அளவை வட்டம் பொருத்திய தொலைநோக்கி ஒன்றை 1789இல் செய்து வாங்கினார். நட்சத்திரங்களின் இடத்தை அவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி அன்று ஐரோப்பாவில் அரிது. பியாட்சியின் வேலை அட்டவணை தயாரிப்பது. ஒரே நட்சத்திரத்தைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளப்பார். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் அதே சடங்கு. கேட்கவே கொட்டாவி வருகிறது, இல்லையா?

1801 ஜனவரி 1ஆம் திகதி இரவு, ரிஷப ராசிப் பக்கம், ஒரு மங்கிய புள்ளியை அளந்தார். மறுநாள் இரவு அது சற்று விலகியிருந்தது. தான்தான் பிழையாக அளந்தேனோ என்று முதலில் தன்னைச் சந்தேகித்தார். மூன்றாம் இரவும் நகர்ந்திருந்தது, நான்காம் இரவும். ஊருக்கு வால்வெள்ளி என்றே அறிவித்தார். மிலானில் இருந்த நண்பர் ஒரியானிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், வாலும் இல்லை, புகையும் இல்லை, நடையும் சீராக இருக்கிறது, வால்வெள்ளியைவிட மேலான ஒன்றாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கோடிகாட்டினார். பெப்ரவரி 11 வரை அளந்தார். பிறகு நோயில் விழுந்தார், புள்ளியும் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்தது. அவர் எழுதிவைத்த அந்தச் சில எண்களை வைத்து, 24 வயதுக் கணிதர் கார்ல் ஃபிரெடரிக் கவுஸ் பாதையைக் கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆண்டின் கடைசி இரவில், வானியலாளர் ஃபான் சாக் அதைத் திரும்பக் கண்டார். சிசிலியின் தானிய தேவதை சீரீஸின் பெயரைப் பியாட்சி வைத்தார். மன்னர் ஃபெர்டினாண்டின் பெயரையும் ஒட்டினார், அது நிலைக்கவில்லை.

ஏறத்தாழ 940 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டையில் இப்போது தெரிந்தது என்ன? ஒக்காட்டர் பள்ளத்தில் பளிச்சென்ற வெள்ளைப் படிவுகள். சோடியம் கார்பனேட் உப்பு. உள்ளிருந்து கசிந்த உப்புநீர் காய்ந்து விட்டுப்போனது. தரைக்குக் கீழே உப்புநீர் தேங்கியிருப்பதாக 2020இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2017இல், எர்னுடெட் பள்ளத்தை ஒட்டிக் கரிமச் சேர்மங்கள் இருப்பதை மரியா கிறிஸ்டினா டி சாங்க்டிஸ் தலைமையிலான குழு அறிவித்தது. கண்டது டோனில் இருந்த நிறமாலைக் கருவி, இத்தாலி செய்து கொடுத்தது. உப்பு, நீர், கரிமம். உயிர் அல்ல, உயிருக்கு வேண்டிய சில சாமான்கள் மட்டும். உயிரைக் கண்டதாக அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை.

“அப்ப வேறு எங்கும் உயிர் இல்லையா?” என்று கேட்டார் சின்யோரா. இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு பெரிய வெளியில் நாம் மட்டும் என்பது நம்பக் கடினம். வத்திக்கான் வானாய்வகத் தலைவராயிருந்த பாதிரியார் ஹொசே ஃபூனெஸ் 2008இல் பத்திரிகைப் பேட்டி ஒன்றில், அப்படி உயிர் இருந்தால் அதுவும் கடவுளின் படைப்பே, நம்பிக்கைக்கு முரணில்லை என்றார். அதைக் கேட்டுச் சின்யோராவுக்குப் பெரிய நிம்மதி. இங்கே வந்தார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில், இல்லை. வந்ததற்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று ஒன்றும் பகேரியாவிலும் இல்லை, கனெத்தோவிலும் இல்லை. நாசா கூட்டிய நிபுணர் குழு 2023இல் கொடுத்த அறிக்கையிலும் இல்லை.

இத்தாலியில் 1978 முதல் இப்படிப்பட்ட காட்சிகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு விமானப்படையிடம் இருக்கிறது. கண்டவர் படிவத்தை நிரப்பிப் பக்கத்துக் கரபினியேரி காவல் நிலையத்தில் கொடுக்கலாம். பலெர்மோவிலோ பகேரியாவிலோ இருக்கும் எங்கட ஆக்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். வானத்தில் எதையாவது கண்டால் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் திகதி, நேரம், திசை மூன்றையும் கடதாசியில் எழுதுங்கள். அடுத்த இரவும் அதே இடத்தில் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வில்லா பலகோனியாவுக்குப் போகிறவர்கள், இன்னொரு நாள் பலெர்மோ அரச மாளிகைக் கோபுரத்தைப் பற்றியும் விசாரியுங்கள். ராம்ஸ்டனின் வட்டம் இன்னும் பலெர்மோவில்தான் இருக்கிறது.