முதுமையும் முழவும்: கண்டி தரும் விடை

இசைக் கலைஞர் ஒருவர் அறுபது வயதைக் கடந்துவிட்டால் அவரைப் பற்றிய நமது பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. "இந்த வயதிலும் பாடுகிறார்" என்று வியக்கிறோம். என்ன பாடினார், சென்ற ஆண்டு பாடியதிலிருந்து அது எவ்விதம் வேறுபட்டது என்று கேட்பதில்லை. பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. இளங்கலைஞரின் அரங்கேற்றத்துக்கு விமர்சனம் எழுதுகின்றன. முதிய கலைஞருக்குப் பாராட்டு விழாச் செய்தி எழுதுகின்றன. அதன் பின்னர் இரங்கற் குறிப்பு எழுதுகின்றன. இடையில் அவர் ஏதேனும் புதிதாகப் படைத்தாரா என்ற கேள்வி எழுப்பப்படுவதேயில்லை.

படைப்பாற்றல் இளமையின் சொத்து என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அதற்குச் சான்று காட்டுவோரும் உளர். அளவெட்டி தந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அதற்குள் தமிழகமும் ஈழமும் அவரைத் தம் காலத்தின் முதன்மையான தவிற் கலைஞராக ஏற்றிருந்தன. ஆயினும் எதிர்ச் சான்றுகளும் குறைவல்ல. செம்மங்குடி சீனிவாச ஐயர் 39 வயதில், 1947இல், சங்கீத கலாநிதி விருது பெற்றவர். இயற்கையில் இனிய குரல் வாய்க்கப்பெறாத அவர், தொண்ணூறைத் தாண்டிய பின்னரும் கச்சேரி செய்தார். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி தமது கடைசி இசைநாடகமான 'ஃபால்ஸ்டாஃப்'பை 1893இல் மேடையேற்றியபோது அவருக்கு வயது 79. வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் துன்பியல் நாடகங்களை அமைத்தவர் முதுமையில் நகைச்சுவைக்குத் திரும்பினார்.

இவ்வாறு ஒரு பெயருக்கு மறுபெயர் வைத்துக்கொண்டே போனால் வாதம் முடியாது. முதுமை என்ன செய்கிறது என்பதைத் தனிமனித மேதைமையில் தேடுவதைவிட, கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மூத்து வாழ்ந்த ஒரு மரபில் தேடுவது பயன் தரும். அதற்குக் கண்டியைவிடத் தக்க இடம் இலங்கையில் இல்லை என்பது என் கருத்து.

மன்னர் கொடுத்த காணியும் முழவு கொடுத்த கடமையும்

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான உடன்படிக்கையோடு ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முந்திய எழுபத்தாறு ஆண்டுகள், 1739 முதல், அதனை ஆண்டவர்கள் தென்னிந்திய வழிவந்த நாயக்க மன்னர்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்திலேயே, தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹராவில் புத்தரின் தந்தப் பேழை முதலிடம் பெற்றது. நாத, விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் அதன் பின்னே சென்றன. அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

இவ்வளவு பெரிய சடங்கு வாழ்க்கைக்கு முழவர்களும் ஆடுவோரும் பாடுவோரும் நாள்தோறும் வேண்டியிருந்தனர். தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று வேளை பூசை. ஒவ்வொன்றுக்கும் மேளம் உண்டு. இச்சேவைக்குக் கூலியாகப் பணம் வழங்கப்படவில்லை, காணி வழங்கப்பட்டது. காணியை அனுபவிக்கும் குடும்பம் தலைமுறைதோறும் ஆள் தரவேண்டும். தந்தை தளர்ந்தால் மகன் வருவான். ஆனால் மகன் வந்ததனால் தந்தையின் பணி ஒழிந்துவிடாது. மகனைத் தகுதியாக்குவதே அவரது அடுத்த பணி.

தமிழ் வாசகருக்கு இந்த மரபின் சொற்களே பழக்கமானவையாகத் தோன்றும். கண்டிய முழவுகளுள் முதன்மையான 'கெட பெர'வோடு சேர்ந்து ஒலிப்பவை 'தவுல', 'தம்மெட்டம' என்பன; நமது தவிலும் தம்பட்டமும் நினைவுக்கு வருகின்றன. கண்டிய நடனத்தின் பதினெட்டு உருப்படிகளுக்கு 'வன்னம்' என்று பெயர். யானை, மயில், அனுமன், கணபதி என அவற்றின் பொருள் விரியும். ஒவ்வொரு வன்னத்தின் ஆட்டப் பகுதிக்கும் 'அடவ்வ' என்று பெயர். அடவு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. முழவு பயிலும் சிறுவன் முதலில் கற்கும் சொற்கட்டு தத், ஜித், தொம், நம். மிருதங்கம் பயிலும் நம் சிறுவன் தத், தீ, தொம், நம் என்று தொடங்குகிறான்.

வயதுக்கு ஏற்ற வேலை

பரம்பரை முறையில் பயின்ற கண்டியக் கலைஞர் ஆட்டம், முழவு, பாட்டு ஆகிய மூன்றையும் கற்பார். இதில்தான் நமது கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. குதித்தும் சுழன்றும் ஆடும் ஆட்டத்துக்கு இளமை வேண்டும். வெள்ளி அணிகலனோடு 'வெஸ்' தலையணி தரித்து ஆடும் உடல் காலம் முழுவதும் நிலைக்காது. ஆனால் ஆட்டம் ஓய்ந்தவர் கலையிலிருந்து ஓய்வதில்லை. முழவை எடுக்கிறார், பாட்டை முன்னெடுக்கிறார், பின்னர் 'குருன்னான்சே' என்ற மரியாதைப் பெயரோடு மாணவர் நடுவே அமர்கிறார்.

இதன் முழுப் பொருள் விளங்குவது 'கொஹொம்ப கங்காரிய' என்ற சடங்கில். கண்டிய நடனத்தின் ஊற்று இதுவே. பண்டுவாசுதேவ மன்னனின் நோய் நீங்கிய ஐதீகத்தோடு தொடர்புடைய இந்தச் சடங்கு, மாலையில் தொடங்கி இரவு முழுவதும் நீடிக்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்த ஆட்டம், எந்த ஆட்டத்துக்கு எந்த முழவுக் கட்டு, எங்கே நகைச்சுவை, எங்கே மந்திரம் என்ற நீண்ட வரிசை ஏட்டிலிருந்து படித்து நடத்தக்கூடியதன்று. அது மூத்தவரின் நினைவில் இருக்கிறது. கூடியிருப்போர் சோர்ந்தால் ஒரு பகுதியைச் சுருக்குவதும், இளைஞன் ஒருவன் நன்றாக ஆடினால் அவனுக்கு இடம் விடுவதும், தடுமாறினால் முழவினால் தாங்குவதும் அவருடைய கையில் உள்ளன. விரைவு குறைந்த கைக்கு அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் கூடுகிறது. இதையும் படைப்பு என்றே கொள்ளவேண்டும்.

பேராதனையில் இரண்டு ஆசான்கள்

மரபைக் காப்பது வேறு, புதியதைப் படைப்பது வேறு என்று ஒருவர் மறுக்கலாம். அவருக்கான விடை கண்டியிலிருந்து நான்கு மைல் தொலைவில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1956இல் எதிரிவீர சரத்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தின் தொடக்கம் என்று இதனைக் குறிப்பிடுவர். ஆங்கிலம் கற்ற பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த அந்நாடகத்தின் இசையும் தாளமும் எங்கிருந்து வந்தன? தென்கரையோரத்து 'நாடகம' மரபில் ஊறிய சார்ல்ஸ் சில்வா குருன்னான்சே என்ற கிராமத்து ஆசானிடமிருந்து வந்தன. அந்த நாடகம மரபே தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது; அதன் 'மத்தளய' நமது மத்தளமே.

அந்த வெற்றியைப் பார்த்த தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அடுத்த சில ஆண்டுகளில் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியன தொடர்ந்தன. மாணவர்க்கு ஆடவும் பாடவும் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த அண்ணாவியார் செல்லையா.

இவ்விரு ஆசான்களுக்கும் விடுக்கப்பட்ட அறைகூவல் எளிதன்று. அவர்கள் கற்றது விடியவிடிய நிகழும் கலை. கேட்கப்பட்டதோ இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் நாடகம். அவர்கள் கற்பித்தது ஊர்க் களரியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு. இங்கே முன்னின்றவர்கள் விரிவுரை மண்டபத்திலிருந்து வந்தவர்கள். எதை விட்டாலும் கூத்துக் கெடாது, எதை விட்டால் கெடும் என்று அறிய ஆயுட்கால அனுபவம் வேண்டும். அதை ஒரு பேராசிரியர் நூலகத்தில் தேடிப் பெற முடியாது. புதுமைக்கான விருப்பம் இளையோரிடமிருந்து வந்தது. புதுமைக்கான பொருளும் அளவும் மூத்தோரிடமிருந்து வந்தன. இரண்டுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்நாடகங்கள் பிறந்திரா.

அன்று ஆடிய மாணவர்களுள் ஒருவர், 1943இல் மட்டக்களப்பில் பிறந்த சி. மௌனகுரு. அவர் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். அங்கே தமிழரின் மரபு வாத்தியங்களை ஒன்றிணைத்து 'இன்னியம்' என்ற அணியை உருவாக்கினார். இளமையில் தாம் ஆடிய 'இராவணேசனை'ப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் நெறியாள்கை செய்தார். பணி ஓய்வின் பின்னர் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தைத் தொடங்கி உழைத்தார். பேராதனையில் அண்ணாவியாரிடம் கற்றவர் தாமே மூத்தவராகி, அண்ணாவியாரின் இடத்தில் அமர்ந்தார் எனலாம்.

ஒரே கச்சேரி, ஆயிரம் முறை

தனிப் பாடகருக்கு இத்தகைய சுற்றம் இல்லையே என்று கேட்கலாம். கண்டிக்கு அண்மையிலுள்ள கடுகண்ணாவையில் 1942இல் பிறந்த விக்டர் ரத்நாயக்க 1973இல் கொழும்பு லும்பினி அரங்கில் 'ஸ' என்ற தனிநபர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது பல பத்தாண்டுகள் நீடித்து, ஆயிரம் முறைக்கும் மேல் நிகழ்ந்தது. முப்பது வயது இளைஞன் பாடிய காதற்பாட்டை அதே மனிதர் அறுபது வயதில் பாடும்போது சொல்லும் மெட்டும் மாறுவதில்லை. கேட்பவரின் வயதும் அவரோடு ஏறியிருக்கிறது. அப்பாட்டில் இப்போது நினைவும் கலந்துவிடுகிறது. இதனைத் திரும்பக் கூறல் என்று ஒதுக்குவது சரியாகாது. நமது வித்துவான்கள் ஒரே தோடியை ஐம்பது ஆண்டுகள் பாடியதும் இவ்வாறே.

ஆய்வாளர்கள் கண்டது

ஆய்வுலகமும் இதனோடு முரண்படவில்லை. முதுமை உளவியலில் புகழ்பெற்ற போல் பால்டஸ், பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். 89 வயதில், 1976இல், கடைசிக் கச்சேரி செய்தவர் ரூபின்ஸ்டைன். முதுமையில் எவ்வாறு வாசிக்கிறார் என்பதற்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார், அவற்றை முன்னிலும் அதிகமாகப் பயின்றார், விரைவான பகுதிக்கு முன்னர் வேகத்தைச் சற்றுத் தணித்தார், அதனால் பின்வரும் விரைவு மேலும் விரைவாகத் தோன்றியது. 1996இல் கிராம்பே, எரிக்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. மூத்த பியானோக் கலைஞர்கள் பொதுவான எதிர்வினை வேகத்தில் மற்ற முதியவர்களைப் போலவே தளர்ந்திருந்தனர். ஆனால் பயிற்சியைக் கைவிடாதவர்களிடம் இசைத் திறன் பெரிதும் நிலைத்திருந்தது.

தளர்ச்சி உண்மை. செவி மங்கும், குரலின் எல்லை சுருங்கும், விரல் மூட்டு இறுகும். இடுப்பில் முழவு கட்டிக்கொண்டு பெரஹராவில் பல மணி நேரம் நடப்பது எழுபது வயதினருக்கு எளிதன்று. ஆனால் பயிற்சி நின்றுபோவதற்கு உடல் மட்டுமே காரணமா என்று பார்க்கவேண்டும். அழைப்பார் இல்லாதபோது, கற்பார் இல்லாதபோது, எவரும் பயிற்சியை விட்டுவிடுவர்.

அறுந்துவரும் இழை

கண்டியில் இவ்விழை மெல்ல மெல்ல அறுந்து வந்திருக்கிறது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டபோதும் கோயிற் காணிகளின் சேவை எஞ்சியது; 1870ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவையைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிவிட்டது. அது பலருக்கு விடுதலையே. முழவர் குலத்தோர் தம் கலைக்காகப் போற்றப்பட்டு, தம் பிறப்புக்காகத் தாழ்த்தப்பட்ட வரலாற்றை மறந்து, பழைய முறையை ஏக்கத்தோடு பேசுவது நேர்மையாகாது. அந்த இழிவிலிருந்து தப்ப முழவைத் துறந்த இளைஞர்களை யார் குறைகூற முடியும்? நமது பறையும் தவிலும் கூத்தும் இதே கதையை அறிந்தவையே.

சுதந்திரத்தின் பின்னர் கண்டிய நடனம் பாடசாலைப் பாடமாகி எல்லாச் சமூகத்தாருக்கும் உரியதாயிற்று. அது நல்லது. ஆனால் சான்றிதழ் உள்ளவர் ஆசிரியரானார். சான்றிதழ் இல்லாத ஆசான் வீட்டுத் திண்ணையில் தங்கிவிட நேர்ந்தது. மறுபுறம், கண்டி நகரில் மாலைதோறும் உல்லாசப் பயணிகளுக்காக நடக்கும் ஒரு மணி நேரக் காட்சிகளில் பலர் பிழைக்கிறார்கள். அங்கே வேண்டுவது வேகமும் பாய்ச்சலும் தீ மிதிப்பும். விடியும்வரை ஒரு சடங்கை நடத்திச்செல்லும் அறிவுக்கு அங்கே வேலையில்லை. கங்காரிய அருகினால் அந்த அறிவு, அதைச் சுமப்பவர் உயிரோடிருக்கும்போதே, பயனற்றுப் போகும்.

ஆகவே இசைக் கலைஞர் முதுமையில் வளர முடியுமா என்ற கேள்விக்குக் கண்டி தரும் விடை இது: அவருக்கென ஒரு வேலை இருந்தால் முடியும். பொன்னாடையும் பண முடிப்பும் அந்த வேலையைத் தருவதில்லை. மூத்த முழவரைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாள் அழைத்து மாலையிடுவதற்கு மாறாக, ஓராண்டு கற்பிக்க அழைக்கலாம். அவர் வாசிப்பதை மட்டும் பதிவு செய்யாமல், மாணவனை அவர் திருத்துவதையும் பதிவு செய்யலாம். எதைத் திருத்துகிறார் என்பதில்தான் அவரது கலை வெளிப்படும். புதிய ஆக்கத்துக்குத் திட்டமிடும்போதே அவரை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பேராதனையில் 1956இலும் 1962இலும் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு வேண்டியிருந்தது கற்க விரும்பிய சில மாணவர்களும், கிராமத்து ஆசான் ஒருவரைத் தமக்கும் ஆசானாக ஏற்ற இரண்டு பேராசிரியர்களுமே.