ஒரு கடிதம் கவிழ்த்த படை: ஹைதர் அலி ஜெயித்த உள்நாட்டுப் போர்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைத் தாங்கியவர்களுக்கு இது பெரிய சிரமம் இல்லை.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஒருவர் ஹைதர் அலி படத்தைப் போட்டு "ஆங்கிலேயரை ஓடவிட்ட மாவீரன்" என்று எங்கிருந்தோ வந்த செய்தியை அனுப்பினார். இன்னொருவர் உடனே "ராஜாவுக்குத் துரோகம் செய்தவன்" என்று வேறொரு செய்தியை எடுத்துப் போட்டார். இரண்டும் அவர்கள் எழுதியது இல்லை. பத்து நிமிடத்தில் வார்த்தை தடித்து, ஒருவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். இருவரும் என் மாணவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். இன்றும் சிப்காட்டில் இரண்டு தெரு தள்ளித்தான் வேலை செய்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

யார் சொன்னது சரி என்று நாலைந்து பேர் எனக்குப் போன் செய்தார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹைதர் அலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆங்கிலேயரோடு நடந்த போர்கள். 1769-இல் சென்னை வாசல் வரை போய் உடன்படிக்கை எழுத வைத்தது, 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அழித்தது. நானும் இவற்றைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, 1760-61-இல், அவர் ஒரு உள்நாட்டுப் போரில் சிக்கினார். மைசூர்க்காரருக்கும் மைசூர்க்காரருக்கும் நடந்த போர். அதில் அவர் ஏறக்குறைய எல்லாச் சண்டையிலும் தோற்றார், கடைசியில் ராஜ்யத்தைப் பிடித்தார். அந்தப் போரின் முக்கியமான ஒரு பகுதி நடந்தது நம் ஊர்ப்பக்கம். ஆனேக்கல், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அஞ்செட்டி துர்கம், பாரமஹால். பாரமஹால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ச் சீமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டத்தில் பூதிக்கோட்டை. அங்கேதான் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் சாதாரணப் படைத் தலைவனாக இருந்து கண்ணில் பட்டார். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தார் ஆனார். படிப்பில்லாத மனிதர் வரவு செலவைப் பார்ப்பது எப்படி? அதற்கு ஒரு கணக்கரை வைத்துக்கொண்டார். அவர் பெயர் கண்டே ராவ். இந்தப் பெயரை மறக்காதீர்கள். ஹைதரின் கண்ணும் கையெழுத்தும் அவர்தான்.

அப்போது மைசூரில் ராஜா இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் சிம்மாசனத்தில் இருந்தார், அதிகாரம் நஞ்சராஜையா கையில் இருந்தது. சம்பளம் கிடைக்காமல் படை கலகம் செய்தபோது ஹைதர்தான் பாக்கியைத் தீர்த்துவைத்தார். 1758-இல் பெங்களூர் அவருக்கு ஜாகீராக வந்தது. மறு ஆண்டு நஞ்சராஜையாவை ஒதுக்கிவிட்டு ஹைதர் மேலே வந்தார். கண்டே ராவும் அவரோடு சேர்ந்து மேலே போய் திவான் ஆனார்.

ராஜாவுக்கும் அரண்மனைப் பெண்களுக்கும் நிம்மதி கிடைத்ததா? இல்லை. ஒரு எஜமான் போய் இன்னொரு எஜமான் வந்தார், அவ்வளவுதான். அவர்கள் கண்டே ராவிடம் பேசினார்கள். அவரும் ராஜா பக்கம் சாய்ந்தார்.

1760 ஆகஸ்ட். ஹைதரின் படையில் பெரும் பகுதி மக்தூம் அலி தலைமையில் பிரெஞ்சுக்காரருக்கு உதவப் புதுச்சேரிப் பக்கம் போயிருந்தது. போகிற வழியில்தான் மக்தூம் ஆனேக்கலையும் பாரமஹாலையும் பிடித்து வைத்திருந்தார். ஹைதர் சிறு படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்கு வெளியே தங்கியிருந்தார். ஒருநாள் காலை கோட்டைப் பீரங்கிகள் அவர் முகாம் மீதே சுட்டன. என்ன நடக்கிறது என்று கேட்கக் கண்டே ராவைக் கூப்பிட்டு அனுப்பினார். சுடச் சொன்னவரே கண்டே ராவ் என்று பதில் வந்தது.

அன்று இரவு ஹைதர் மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, சில குதிரை வீரர்களோடு காவிரியைக் கடந்து ஓடினார். விட்டுப்போன பிள்ளைகளில் பத்து வயதுகூட நிரம்பாத திப்புவும் ஒருவன். எங்கே ஓடினார் தெரியுமா? நம் பக்கத்து ஆனேக்கலுக்கு. அங்கே அவர் மைத்துனர் இஸ்மாயில் அலி இருந்தார். அங்கிருந்து பெங்களூர். மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தொண்ணூற்றெட்டு மைல் தூரத்தை இருபது மணி நேரத்தில் கடந்தார் என்று கணக்குச் சொல்கிறார். ஓசூரிலிருந்து ஆனேக்கலுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இப்போது அவரிடம் என்ன இருந்தது? கஜானா இல்லை, குடும்பம் இல்லை, பெரும்படை அருகில் இல்லை. ஆனாலும் பெங்களூர்க் கோட்டைக் காவலர் கபீர் பேக் கதவைத் திறந்தார். பெங்களூர் வியாபாரிகள் அவர் சொல்லை நம்பிக் கடன் கொடுத்தார்கள். மக்தூம் அலி புதுச்சேரியை விட்டுத் தலைவனைக் காப்பாற்றத் திரும்பினார். வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பியவனுக்கும் படைக்குச் சம்பளப் பாக்கி தீர்த்தவனுக்கும்தான் கெட்ட நேரத்தில் இப்படிக் கதவு திறக்கும். படைத் தலைமை என்று நான் பார்ப்பது இதைத்தான். வாள் வீச்சு அப்புறம்.

கண்டே ராவ் சும்மா இருக்கவில்லை. விசாஜி பந்த் தலைமையில் மராட்டியக் குதிரைப்படையை விலைக்குக் கூப்பிட்டார். மலையேறி வந்த மக்தூமை அவர்கள் வழிமறித்தார்கள். அவர் அஞ்செட்டி துர்கத்தில் ஒதுங்கி மாட்டிக்கொண்டார். அவரை மீட்க ஹைதர் அனுப்பிய பைசுல்லா கானும் தோற்றுத் திரும்பினார். அந்த நாட்களில் அஞ்செட்டி துர்கத்தில் இருந்த படை அழிந்திருந்தால் ஹைதர் என்ற பெயரே வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

சண்டையில் முடியாததை ஹைதர் பேரத்தில் முடித்தார். விசாஜி பந்திடம் பணமும் தருகிறேன், பாரமஹாலையும் தருகிறேன் என்றார். மராட்டியர் ஆச்சரியமாக உடனே ஒத்துக்கொண்டு கிளம்பினார்கள். காரணம் வடக்கே இருந்தது. 1761 ஜனவரி 14-இல் பானிபட்டில் மராட்டியப் பெரும்படை ஆப்கானியரிடம் தோற்று அழிந்திருந்தது. அவசரமாக ஊர் திரும்ப வேண்டிய நிலை. அவர்கள் அவசரத்தைப் பார்த்த ஹைதர், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பாரமஹாலைக் கொடுக்காமல் விட்டுவிட்டார். பானிபட் எங்கே, கிருஷ்ணகிரி எங்கே! அங்கே விழுந்த அடியால் இங்கே நம் ஊர் கை மாறாமல் தப்பியது.

அதன் பிறகும் தோல்விதான். நஞ்சன்கூடு பக்கம் கண்டே ராவோடு மோதி ஹைதர் தோற்றார். இந்த இடத்தில் அவர் செய்த காரியம் யாரும் எதிர்பாராதது. எந்த நஞ்சராஜையாவைத் தானே பதவியிலிருந்து இறக்கினாரோ, அவர் தங்கியிருந்த கோணனூருக்குப் போய், வாசலில் நின்று, செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் மனம் இளகிவிட்டது. தன் பெயரையும் செல்வாக்கையும் கொடுத்தார்.

ஹைதர் அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்தினார்? நஞ்சராஜையாவின் முத்திரை வைத்து, கண்டே ராவின் படைத் தலைவர்களுக்குப் பொய்க் கடிதங்கள் தயாராயின. 'நாம் பேசிக்கொண்டபடி கண்டே ராவைப் பிடித்து ஒப்படையுங்கள், பேசிய வெகுமதி உண்டு' என்கிற மாதிரி. அந்தத் தலைவர்கள் யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. கடிதங்கள் அவர்களுக்குப் போகவும் இல்லை. வேண்டுமென்றே கண்டே ராவின் கையில் சிக்கும்படி அனுப்பப்பட்டன.

கண்டே ராவ் படித்தார். தன் தலைவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு 'இது உண்மையா?' என்று கேட்கவில்லை. குதிரை ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓடிவிட்டார். தலைவன் ஏன் ஓடினான் என்று தெரியாமல் படை கலங்கி நின்றது. முன்னாலிருந்து பைசுல்லா கானும் பின்னாலிருந்து ஹைதரும் தாக்க, ஜெயித்துக்கொண்டிருந்த படை ஒரே நாளில் சிதறியது. 1761 நடுவில் ராஜ்யம் ஹைதர் கைக்கு வந்தது. ராஜாவுக்கும் நஞ்சராஜையாவுக்கும் செலவுக்கு நிலவருமானம் ஒதுக்கப்பட்டது. மற்றதெல்லாம் ஹைதருக்கு.

கண்டே ராவை விட்டுவிடும்படி அரண்மனைப் பெண்கள் கெஞ்சினார்களாம். 'உயிரை எடுக்க மாட்டேன், கிளியைப் போல வளர்ப்பேன்' என்று ஹைதர் வாக்குக் கொடுத்தாராம். வாக்கை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினார். இரும்புக் கூண்டில் போட்டு, பாலும் சோறும் கொடுத்து, சாகும்வரை வைத்திருந்தார்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்கிற வில்க்ஸ் ஹைதரின் எதிரணி ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. மெருகு ஏற்றியிருக்கலாம். ஆனால் போரின் போக்கு இதுதான்.

இப்போது சொல்லுங்கள், யார் துரோகி? கண்டே ராவ் சோறு போட்ட எஜமானைச் சுட்டார், ஆனால் அது தன் ராஜாவுக்காக. ஹைதர் ராஜாவை எதிர்த்தார், ஆனால் அந்த ராஜ்யத்தைப் படையும் பணமும் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவரும் அவரே. உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் ஒரே கொடியைத்தான் பிடித்திருக்கும். ஜெயித்தவன் வீட்டில் எழுதும்போது தோற்றவன் துரோகி ஆகிறான்.

அந்த வெற்றியின் மிச்சம் நமக்கும் வந்தது. பாரமஹால் மைசூரோடு நின்றதால் அடுத்த முப்பது ஆண்டு எல்லாப் படைகளும் நம் வழியாகவே போயின. 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகையில் ஆங்கிலேயரிடம் போனது. அதே ஆண்டு நவம்பரில் ஓசூரை மீட்க வந்த கர்னல் வுட், கனமான பீரங்கியையும் சாமான்களையும் பாகலூரில் விட்டுவிட்டு வர, ஹைதர் சுற்றிக்கொண்டு போய்ப் பாகலூரையே அடித்தார். வுட்டின் பதவி போனது. கேட்க ஜோராக இருக்கிறது. பாகலூர்ப் பேட்டையில் அகப்பட்டுச் செத்த ஜனங்களுக்கு அது ஜோராக இருந்திருக்காது. 1792-இல் பாரமஹால் கம்பெனிக்குப் போனது, ஓசூர் திப்புவிடமே நின்றது. ஏழு ஆண்டு ஓசூரும் கிருஷ்ணகிரியும் வேறு வேறு நாடு! 1799-இல்தான் மறுபடி ஒன்றானோம். சையத் பாஷா மலைக்கு ஏறிப்போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சார், தன்னை நம்பி வந்தவங்களால பொழச்சாரு. அப்புறம் நஞ்சராஜையாவோட நம்பிக்கையையே பொய்க் கடிதமாக்கிட்டாரே, அது சரியா சார்?" எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "பாடத்துல இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். அதன் பிறகு அவள் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. அம்மா, நீ இதைப் படித்தால், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று சொல்கிறேன். சரியில்லை. அவர் பெரிய படைத்தலைவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்பிக்கையின் பலம் என்ன என்று அவரைப் போல அறிந்தவர் குறைவு. அதனால்தான் எதிரியின் படையில் எதை உடைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குழுவில் சண்டை போட்ட தம்பிகள் இருவருக்கும் ஒரு வார்த்தை. கண்டே ராவ் தோற்றது பீரங்கியால் இல்லை. யாரோ எழுதி, கைக்கு வந்து சேர்ந்த ஒரு கடிதத்தை நம்பினார், கூட இருந்தவனைக் கேட்கவில்லை. உங்கள் இருவர் கைக்கும் போன வாரம் வந்தது அப்படிப்பட்ட கடிதம்தான். ஹைதர் செத்து (1782 டிசம்பர் 7) இருநூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு இன்னும் முப்பது வருடம் ஒரே ஊரில் குடித்தனம் இருக்கிறது.

யார் முதலில் போன் செய்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். இருவரும் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் டீச்சரம்மா ராகிக் களி கிண்டித் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதிவில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். இந்த முறை "உட்காரு" என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்