மகமை: ஊர்ப் பொதுநிதியும் போடி ஏலமலைச் சரிவும்

மகமை என்பது விற்பனையாகும் சரக்கின் மூட்டைக்கோ விலைக்கோ ஏற்ப ஒரு சிறு தொகையை எடுத்து, ஊர்ப் பொதுக்காரியங்களுக்காகச் சேர்த்துவைக்கும் வழக்கமாகும். மகிமை என்றும் வழங்குவர். கோயில், கிணறு, பள்ளி, திருவிழா முதலியவற்றுக்கு இந்நிதியிலிருந்து பணம் தரப்பட்டது. தென் தமிழகத்தின் பல கல்வி நிறுவனங்கள் இவ்வழக்கத்திலிருந்து வளர்ந்தவை. ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரையும் அதற்கு மேலுள்ள மலைச்சரிவையும் பார்க்கும்போது, இவ்வழக்கத்தின் வலிமையோடு அதன் எல்லையும் விளங்கும்.

நிலமாகத் தரப்பட்ட கொடை

பொதுப்பணிகளுக்குக் கொடையளிக்கும் வழக்கம் மகமைக்கும் முந்தியது. சோழர் காலத்தில் கொடை பெரும்பாலும் நிலமாகவோ பொன்னாகவோ கால்நடையாகவோ தரப்பட்டது. கோயிலுக்குப் பூந்தோட்டம் வளர்க்க விடப்பட்ட நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. கூத்தருக்குக் கூத்துக்காணியும், நட்டுவருக்கு நட்டுவக்காணியும் இருந்தன. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்கள் பயின்ற கல்விச்சாலைக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைக் கூறுகிறது. தோட்டம், கலை, கல்வி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே நிலம் இருந்தது. எதற்காக விடப்பட்டது என்பது நிலத்தின் பெயரிலேயே இருந்ததால், கொடையின் நோக்கம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

நிலமில்லாத வணிகர் வேறு வழி கண்டனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள், தம் சரக்குகளின் மீது ஒரு பங்கை விதித்துக் கோயில் பணிகளுக்கு அளித்தன. இது பட்டணப்பகுடி எனப்பட்டது. சிவகங்கை மாவட்டப் பிரான்மலையிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி எனச் சரக்குகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தரவேண்டும் என்று குறிக்கிறது. பிற்கால மகமையும் இதே முறையில் இயங்கியது.

உறவின்முறையும் பள்ளியும்

19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் மகமையை உறுதியான அமைப்பாக்கினர். பேட்டையில் இறங்கும் சரக்குக்கு மகமை பிடிக்கப்பட்டது. உறவின்முறை என்னும் சமூக அமைப்பு நிதியை நிர்வகித்தது. முறைகாரர்கள் பொறுப்பை மாற்றி மாற்றி ஏற்றனர்.

இதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. அக்காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டது. 1897இல் கமுதிக் கோயில் நுழைவு வழக்கும், 1899இல் சிவகாசிக் கலவரமும் நிகழ்ந்தன. பிறர் கதவு திறக்காதபோது, தமக்கான கிணறு, கோயில், பள்ளி ஆகியவற்றைத் தாமே அமைத்துக்கொள்ளும் தேவை எழுந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் முதலமைச்சரான காமராசர் இப்பள்ளியில் படித்தவர். வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கு உதவும் வழக்கமும் அங்கு இருந்தது. சரக்குக்கு மகமையும் சமையலுக்குப் பிடியரிசியுமாக, கடைக்காரரும் இல்லத்தரசியும் ஒரே பள்ளியைத் தாங்கினர்.

தேனியிலும் இம்மரபு தொடர்ந்தது. தேனி மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை, நாடார் சரசுவதி என்னும் பெயரில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்திவருகிறது.

போடிநாயக்கனூரும் ஏலக்காயும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. மலைமேல் விளையும் ஏலக்காய் போடிமெட்டு வழியாக இங்கு இறங்குகிறது. 1928இல் மதுரையிலிருந்து இரயில் பாதை வந்தது வணிகத்துக்குத் துணைசெய்தது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இரண்டில் ஒன்று இங்கும், மற்றொன்று கேரளத்தின் புற்றடியிலும் உள்ளன.

இவ்வூரில் ஏலக்காய் வணிகத்தின் பெயரைத் தாங்கிநிற்கும் கல்வி நிறுவனம், ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி. ஊரார் சி.பி.ஏ. கல்லூரி என்பர். 1970களின் தொடக்கத்தில் உருவான இக்கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. உறவின்முறைப் பள்ளிகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கொடுப்போரைச் சேர்த்தது சாதி. இங்கே சேர்த்தது பயிர்.

சட்டமான சிறுதொகை

சரக்கிலிருந்து ஒரு பங்கு எடுக்கும் கருத்தை அரசும் கையாண்டது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வழிசெய்தது. வீட்டுக்காரர் செலுத்தும் சிறுதொகை, சாதி பாராமல் எவரும் அமர்ந்து படிக்கும் நூலகமாகியது. 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் செலவின் ஒரு பகுதியை ஊர் மக்களும் ஏற்றனர். இன்றைய நமக்கு நாமே திட்டமும் மக்கள் பங்குத்தொகையோடு அரசுப் பணத்தைச் சேர்த்துப் பள்ளிக் கட்டடம், பூங்கா, நீர்நிலை முதலிய பணிகளைச் செய்கிறது.

ஏலக்காய்க்கும் தீர்வை இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுமதியாகும் நறுமணப் பொருள்கள் மீது தீர்வை விதிக்க இடமளித்தது. ஆனால் நூலக வரி உள்ளூர் நூலகங்களுக்கென்றே வசூலிக்கப்படுகிறது. இத்தீர்வையோ ஒன்றிய அரசுக்குச் சென்றது.

மகமை எட்டாத இடம்

மகமைக்கு ஓர் அடிப்படை உண்டு. சம்பாதிப்பது, குடியிருப்பது, கொடுப்பது ஆகிய மூன்றும் ஒரே ஊரில் நடக்கவேண்டும். பேட்டை வணிகருக்கு இது பொருந்தியது. அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு அவர் பிள்ளையே போனது.

ஏலமலையில் இம்மூன்றும் பிரிந்துகிடக்கின்றன. 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. அதனால் தோட்டங்களில் பெரும்பகுதி ஒரு மாநிலத்திலும், அங்கு வேலைசெய்யும் பலரின் வீடுகள் மறு மாநிலத்திலும் அமைந்தன. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, காய் பறித்து, மாலையில் இறங்குகின்றனர். சரக்கைத் தொடும் முதல் கை இவர்களுடையது. ஆனால் மகமை கணக்கிடப்படுவது தராசில் நிறுக்கும் இடத்தில். எந்தப் பணிக்கு எவ்வளவு என்று முடிவு செய்வோரும் அங்கு விற்பவர்களும் வாங்குபவர்களுமே. பறிப்பவருக்கு அந்த அவையில் இடமில்லை.

ஆகவே சிறுநிதிகளின் வரலாற்றில் தொகையின் அளவைவிட, நிதியைப் பங்கிடும் அவையில் யார் அமர்கிறார் என்பதே முதன்மையானது. கோயிலில் இடம் மறுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் அவையை அமைத்துக்கொண்டதால் மகமை பள்ளிகளை எழுப்பியது. சாதியைக் கடந்து பயிரின் பெயரால் கூடியபோது ஒரு கல்லூரி வந்தது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு ஓடும் இம்மலைச்சரிவில், தொழிலாளர் குழந்தைகளுக்கான மாலை வகுப்புக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ தப்பாட்டக் குழுவுக்கோ ஒரு பொதுநிதி அமையவேண்டுமானால், காய் பறிப்பவரும் அந்த அவையில் உட்காரவேண்டும்.