சொல்லை அசை பிரித்தல்: குழந்தையின் செவியும் இலக்கண மரபும்

‘மரம்’ என்னும் சொல்லைத் துண்டு துண்டாகச் சொல்லிக் காட்டுமாறு மூவரைக் கேட்போமாயின் மூன்று விடைகள் வரும். எழுத்தெண்ணப் பழகிய குழந்தை அதனை ம, ர, ம் என மூன்றாக்கும். எழுத்தே அறியாத குழந்தை, கையைத் தட்டிக்கொண்டு சொல்லும்படி விட்டால், ம-ரம் என இரண்டாக்கும். காரிகை கற்ற புலவரோ, குறிலிணை ஒற்றடுத்து வந்தமையால் அது பிரிப்பதற்கு இடமில்லாத ஒரே நிரையசை என்பார். தத்தம் அளவில் மூவர் கூற்றும் சரியானவையே. ஆயினும், படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குச் சொல்லைப் பிரித்துக் காட்ட விரும்பும் உபாத்தியாயர் இம்மூன்றனுள் எதனைக் கைக்கொள்வது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எழுத்தறியாத குழந்தையின் விடையே கல்வியின் தொடக்கத்திற்கு உரியது என்பதும், அவ்விடை நமது இலக்கண மரபுக்குப் புறம்பானதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு. யாப்பிலக்கணத்து அசையோடு மயங்காதிருக்கும் பொருட்டு, குழந்தை கைதட்டிக் காட்டும் கூற்றினை இங்கே ஓசையசை என வழங்குவோம்.

தமிழெழுத்தே அசையெழுத்தாக இருக்கையில் தனியே அசை பிரிக்கக் கற்பிப்பதன் பிரயோஜனம் யாது என வினவுவோர் உளர். ஆங்கிலம் போன்ற மொழிகளில் எழுத்து வேறு, ஒலி வேறு, அசை வேறாகக் கிடக்கின்றமையால் அங்கே இவ்வப்பியாசம் வேண்டப்படும் என்றும், க, கா, கி, கீ எனக் கற்ற பிள்ளை ஒவ்வோர் எழுத்தையும் உச்சரித்த அளவிலே அசையையும் உச்சரித்துவிடுகிறது என்றும் அவர்கள் கூறுவர். குருவி, தவளை, கிளி, கதவு முதலிய சொற்களளவில் இது முற்றிலும் மெய்யே. அவற்றில் எழுத்தின் தொகையும் ஓசையசையின் தொகையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் புள்ளி பெற்ற மெய் ஒன்று சொல்லினுள் புகுந்த அக்கணமே இவ்வொற்றுமை குலைந்துவிடுகிறது. ‘அம்மா’வில் எழுத்து மூன்று, அசை இரண்டு, ‘பட்டம்’ என்பதில் நான்குக்கு இரண்டு, ‘பார்த்தான்’ என்பதில் ஐந்துக்கு இரண்டு. புள்ளியெழுத்து வாராத வாக்கியம் ஒன்றனைத் தமிழில் எழுத முயன்று பார்ப்போருக்கு, இவ்விதிவிலக்கே பெருவழக்கு என்பது விளங்கும். அம்மாவையும் அப்பாவையும் முதற்பாடமாக வைக்கும் வாசக நூல்கள், தாம் எளிமையானதென்று கருதும் இடத்திலேயே குழந்தையை இச்சிக்கலுள் இறக்கிவிடுகின்றன.

சிக்கலின் வேர் மெய்யெழுத்தின் சுபாவத்தில் உள்ளது. மெய் தனித்து இயங்காது, உயிரின் துணைகொண்டே இயங்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் அறிந்த செய்தி. அதனைத் தனியே சொல்லிக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தபோது, ஆனா, ஆவன்னா என எழுத்துக்குப் பெயரிட்டு வழங்கிய திண்ணைப் பள்ளிக்கூடத்தார், புள்ளியெழுத்துக்கு முன்னே ஓர் இகரத்தை நிறுத்தி இக், இங், இம் என்றனர். இவ்வழக்கம் இன்றும் வகுப்பறைகளில் நிலவுகின்றது. எழுத்துக்குப் பெயர் என்ற அளவில் இதில் குற்றம் சொல்வதற்கில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கையிலோ, குழந்தை ‘ம, ர, இம்’ என்று சொல்லி, சொல்லில் இல்லாத ஓர் இகரத்தைத் தானே சேர்த்து, பின்னர் அதனை எவரும் சொல்லாமலே களைந்து, மகரத்தை ரகரத்தோடு ஒட்டி, ‘மரம்’ எனக் கூற வேண்டியிருக்கிறது. கூர்மதியுள்ள பிள்ளை இதனை ஊகித்துக்கொள்ளும். ஏனைய பிள்ளை சொல்லை மனனம் செய்து ஒப்பித்துவிட, அது வாசித்ததென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஓலைச்சுவடியில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாதிருந்த காலத்தில், எது மெய், எது அகரமேறிய உயிர்மெய் என்பதையே இடம் நோக்கி உணரவேண்டியிருந்தது. ஆதலின் செய்யுளை முன்னரே வாய்ப்பாடமாக்கிய மாணவன் சுவடியைக் கண்டபோது, அவன் கண் தேடியது செவி முன்பே அறிந்திருந்ததையே. (திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகும் முறையையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சென்னையில் கண்ட ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார் 1797இல் அதுபற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என அங்கே பரவிற்று. அவர் கொண்டு சென்றவை மணலும் சட்டாம்பிள்ளையுமே. புள்ளியெழுத்தின் சங்கடம் நம்மிடமே தங்கிவிட்டது.)

ஓசையசையாகப் பிரிக்குமிடத்து இச்சங்கடம் எழுவதில்லை. ஒற்று தனக்கு முன்னுள்ள உயிரைச் சார்ந்து ஒலிக்கும். உயிர்மெய் புதிய அசையைத் தொடங்கும். அம்-மா, பட்-டம், சிங்-கம், பார்த்-தான் எனத் தட்டும் குழந்தைக்கு இவ்விதியை எவரும் உபதேசிக்கவில்லை. மொழியைப் பேசக் கற்றபோதே அதனையும் கற்றுவிட்டது. தமிழில் இது இவ்வளவு ஒழுங்குற அமைவதற்குக் காரணம், மெய்ம்மயக்கம் பற்றி இலக்கண நூலார் வகுத்துரைத்த வரையறைகளிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் கூடி நில்லா. இடையில் ஒற்று இரட்டித்தோ, ஏற்ற வேறோர் ஒற்றோடு மயங்கியோ வரும். யகர ரகர ழகரங்களை அடுத்தே ஈரொற்று நிற்கும். அங்கும் ‘வாழ்க்கை’ என்பது வாழ்க்-கை என ஐயமின்றிப் பிரியும். ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கிராமத்துப் பிள்ளை ‘இஸ்கூலு’ என்று சொல்லக் கேட்டு நகைப்போர், தொல்காப்பியர் மொழிமுதலெழுத்துக்கு விதித்த வரம்பினை அப்பிள்ளை தன் நாவினாலேயே காத்து நிற்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

குழந்தையின் செவி எழுத்தொலியினும் முந்தி அசையைப் பற்றிக்கொள்கிறது என்பது அயல்நாட்டுப் பரிசோதனைகளாலும் வலியுறும். அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும் 1974இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிறு பிள்ளைகள் ஒரு மரக்கோலால் மேசையைத் தட்டிச் சொல்லின் கூறுகளை எண்ணிக் காட்டினர். 4 வயதுப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அசையைப் பிழையறத் தட்டினர். ஒலியன்களைத் தட்டவல்லவர் ஒருவரும் இலர். 6 வயதினருள் அசையைத் தட்டவல்லவர் நூற்றுக்கு 90 பேராகவும், ஒலியனைத் தட்டவல்லவர் 70 பேராகவும் இருந்தனர். நமக்கு அண்மையிலுள்ள கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், அசையுணர்வு முந்தியும் ஒலியனுணர்வு பிந்தியும் வருதலையும், அட்சரங்களைக் கற்று முடிக்கத் தொடக்கக் கல்வியின் பல ஆண்டுகள் செல்லுதலையும் காட்டுகிறது. கன்னடத்தில் ஒற்றுக்கூட்டம் ஒரே அட்சரமாக அடுத்த உயிரோடு சேர்த்து எழுதப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் துண்டும் காதுக்குக் கேட்கும் துண்டும் அங்கே முரண்படுகின்றன. தமிழில் ஒற்று விலகித் தனியே நிற்பதால் அத்தகைய முரண் இல்லை. புள்ளியெழுத்தை அதன் இடப்பக்கத்து எழுத்தோடு சேர்த்துப் பார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கண்ணும் செவியும் ஒத்துவிடுகின்றன. இவ்வளவு வசதியான லிபியை வைத்துக்கொண்டு நாம் இகரத்தைச் சேர்த்துக் களையும் வீண் பிரயாசையில் பிள்ளைகளை ஈடுபடுத்தி வருவது வியப்பே.

இனி யாப்பசையைப் பற்றிய விவாதம். செய்யுளியலில் நேர், நிரை, நேர்பு, நிரைபு என நால்வகை அசை கூறிய தொல்காப்பியருக்குப் பின், அமிதசாகரர் நேரும் நிரையுமாகிய இரண்டனையே கொண்டார். இன்றைய பாடநூல்களில் உள்ளதும் அவ்விரண்டே. ஒற்றினைத் தனித்தெண்ணாது முன்னெழுத்தோடு அடக்கும் அளவில் யாப்பும் செவியும் ஒருமைப்படுகின்றன. வேறுபடும் இடம் ஒன்றே: குறில் ஒன்றனை மற்றொரு குறிலோ நெடிலோ அடுத்து வருமாயின், யாப்பு அவ்விரண்டையும் இணைத்து ஒரு நிரையசையாக்கும். ஆகவே ‘பட்டம்’, ‘சிங்கம்’, ‘பாட்டி’ போன்ற தேமாச் சொற்களில் குழந்தையும் புலவரும் ஒரே விடை கூறுவர்; ‘தவளை’ என்னும் புளிமாச் சொல்லில் குழந்தை த-வ-ளை என்றும், புலவர் தவ-ளை என்றும் பிரிந்து நிற்பர். வடமொழியில் லகு, குரு என ஒவ்வோர் அட்சரமும் தனித்தனியே எடைபோடப்படுகிறதேயன்றி, இரு லகுக்கள் கூடி ஓர் அலகாவது அடிப்படை விதியாக இல்லை. இரு குறில் இணைந்து ஓர் அசையாகும் என்ற கொள்கை தமிழ் யாப்பின் தனிச்சிறப்பு, அதனுள் நுட்பமான தாள உணர்ச்சி உறைகின்றது. ஆயினும் அந்நுட்பம் ஓசையசையை முன்னரே உணர்ந்தவனுக்கே விளங்கத்தக்கது. இரண்டென்று கேட்கத் தெரியாதவனிடம் இரண்டும் ஒன்றாய் விரைகின்றன என்று கூறுவதில் பொருளில்லை. உயர்நிலைப் பள்ளியில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் மாணவர் பலர், ஓசையை ஒரு தடவையேனும் வாய்விட்டுச் சொல்லாமல், குறில் நெடில்களைக் கணக்குப் போல் கூட்டி விடையெழுதி மதிப்பெண் பெறுவது நாம் நாள்தோறும் காணும் காட்சி. சீர் பிரித்து அச்சிட்ட குறளில் வகையுளியால் சொற்கள் நடுவே முறிந்து கிடக்க, அவற்றை முறிந்தபடியே பொருள் நோக்காது ஒப்பிக்கும் சிறுவரின் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

எழுத்தும் யாப்பும் இவ்வாறிருக்க, இவற்றினும் சிக்கலானது பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள வேற்றுமை. ‘பால்’ என்பது எழுத்து வழக்கில் ஓரசை. வீட்டில் பாலு என்றே கேட்டும் சொல்லியும் வளர்ந்த குழந்தை அதற்கு இருமுறை தட்டும், ‘கண்’ணுக்கும் அவ்வாறே. ‘உட்கார்’ என்பது நூலில் இரண்டு, ஒக்காரு எனப் பேசுவோர் நாவில் மூன்று. ‘இரண்டு’ எனும் சொல் நூலில் மூன்றாயிருந்து வீட்டில் ரெண்டு என இரண்டாகக் குறைகின்றது. சொல்லை வாயால் கூறாது படத்தை மட்டும் காட்டித் தட்டச் சொல்லும் வகுப்பறைகளில் இவ்வேற்றுமை உடனே வெளிப்படும். பால் செம்பின் படத்தைக் கண்டு இருமுறை தட்டிய குழந்தையைத் தவறு என்று ஆசிரியர் திருத்துவாராயின், அவர் திருத்தியது குழந்தையின் செவியையன்று, அதன் வீட்டுமொழியை. தன் காது கேட்டதை நம்பக்கூடாது என்று அக்குழந்தை அன்றே கற்றுக்கொள்கிறது. பிறகு எந்தச் சொல்லையும் செவியால் பிரிக்க முனையாமல், ஆசிரியர் முகத்தைப் பார்த்துத் தட்டத் தொடங்கும். இரண்டு தட்டும் சரியே, பள்ளிக்கூடத்தில் ‘பால்’ என்று எழுதும்போது ஒரு தட்டு என வேறுபாட்டை ஏற்றுக் கூறுதலே முறை. அவ்வேறுபாடே இலக்கண போதனைக்கு நல்ல வாயிலுமாகும்.

பிறிதொன்று. பொருளை நோக்கிச் சொல்லைப் பிரிப்பதும் ஓசையை நோக்கிப் பிரிப்பதும் வேறு வேறு. ‘மரமில்லை’ என்பதை மரம், இல்லை எனப் பிரிப்பது பதம் பிரித்தல். ம-ர-மில்-லை என்பது ஓசைப் பிரிவு. முன்பு ரகரத்தைச் சார்ந்திருந்த மகரம், உயிர் வந்தவுடன் அதனோடு ஒன்றி முன்னெழுத்தை விட்டு நீங்கிவிட்டது. புணர்ச்சியிலக்கணம் சொல்லும் இவ்வுண்மையை 6 வயதுப் பிள்ளை தட்டிக் காட்டிவிடும். எனினும் மரம்-இல்லை என்று பிரித்துச் சொன்ன பிள்ளையும் பொருளுணர்ந்தே சொல்லியிருக்கிறது. ஆகையால் கேட்கும் ஆசிரியர் தாம் எதனை வேண்டுகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்கக் கடமைப்பட்டவர். இவ்வகைக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூலில், அதற்கு முன் வழங்கிய பிரிவுமுறைகளை விடுத்து, உச்சாரணத்தையே ஆதாரமாகக் கொண்டு சொற்களைப் பிரித்தார். அவரது சீர்திருத்தங்கள் பலவற்றினும் இதுவே பிள்ளைகளுக்கு மிகவும் பயன்பட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கற்பிக்கும் கிரமத்தைப் பற்றி நெடிது உரைக்க வேண்டியதில்லை. எழுத்தைக் காட்டுமுன் வாய்மொழியாகச் சில வாரங்கள் தட்டுதலும், அடுத்துப் புள்ளியில்லாச் சொற்களும், அதன்பின் இரட்டித்த ஒற்றுடைய அம்-மா, தட்-டு போன்றவையும், இறுதியில் ஈரொற்றுச் சொற்களும் என முறைப்படுத்தினால் போதுமானது. கொன்னக்கோலில் தக, தகிட, தகதிமி எனச் சொற்கட்டுகளைச் சொல்லிக் கையால் தாளமிடும் வழக்கம் இந்நாட்டில் ஏற்கெனவே உண்டு. பரதம் பயிலும் சிறுமியர் அட்சரத்தை எண்ணும் திறனைப் பாடப்புத்தகத்தால் பெற்றவரல்லர். ஆனால் இவ்வப்பியாசம் நீளுதல் கூடாது. இடைக்கோடிட்டுப் பிரித்த சொற்களையே இரண்டாம் வகுப்பிலும் அச்சிட்டுத் தருவோமாயின், பிள்ளை சொல்லை முழுதாகக் காணும் பழக்கத்தை இழக்கும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்பினரின் வாசிப்பை முதன்மையாக்கியிருக்கும் இத்தருணத்தில், முதல் வகுப்பின் தொடக்க வாரங்களை இதற்கென ஒதுக்கினால் போதும். புதிய பாடநூலோ பெருஞ்செலவோ வேண்டா.

இதனை வாசிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால், கண், இரண்டு, உட்கார், இராமன் முதலிய சொற்களின் பொருளைப் படத்தாலோ சைகையாலோ உணர்த்தி, தத்தம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை முறை தட்டுகின்றனர் என்பதை ஊர்ப்பெயரோடு குறித்து வைப்பாராக. மதுரைப் பிள்ளையும் நாகர்கோவில் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரே எண்ணிக்கையைத் தருவர் என நான் கருதவில்லை. முதல் வகுப்பு வாசக நூலுக்குச் சொற்களைத் தெரிந்தெடுப்போர் அகராதியைத் திறக்குமுன் அக்குறிப்புகளையே கேட்டுப் பெறவேண்டும்.