துலுக்கச் செவ்வந்தி

ஆங்கிலப் பாடத்தில் நான்கு பருவங்களைப் படித்தபோது மூன்றாவது பருவத்தின் பெயர் எங்கள் வகுப்பில் பெருஞ்சிரிப்பை உண்டாக்கியது. 'ஓட்டம்' என்றார் ஆசிரியர். யார் சேர் ஓடுறது என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். இலைகள் என்று அவர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது.

தெமட்டகொடையில் இலைகள் ஓடுவதில்லை. ஒக்டோபர் பிறந்தால் இங்கு ஓடுவது தண்ணீர்தான். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ் பருவக்காற்றுத் தொடங்குமுன் வருகிற இடைப்பருவ மழை, பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு இறங்கும். ஒக்டோபர், நவம்பர் இரண்டிலும் கொழும்பின் சராசரி மழைவீழ்ச்சி 300 மில்லிமீற்றருக்கு மேல். ஐரோப்பியத் தோட்டக்காரன் செடிகளை வெட்டிச் சுருக்கிக் குளிருக்கு ஆயத்தம் செய்கிற அதே கிழமைகளில்தான் எங்கள் உம்மா விதை முடிச்சை அவிழ்ப்பார். அவருடைய வருடம் ஜனவரியிலோ முஹர்ரத்திலோ தொடங்கியதாக எனக்குத் தோன்றியதில்லை. முதல் இடியோடுதான் தொடங்கியது.

உம்மா நட்ட பூவின் வரலாற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் அவருக்கு இருந்த தோட்டத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் தோட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அகராதியில் உள்ளது. மற்றது, ஒரு பொதுத் தண்ணீர்க் குழாயும் சில கழிப்பறைகளும் சுற்றிவர வரிசை வீடுகளும் கொண்ட குடியிருப்பு. சிங்களத்தில் வத்தை என்பதும் அவ்வாறே. மாளிகாவத்தை, குப்பியாவத்தை என்று எங்களைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களெல்லாம் தோட்டங்கள். பூ மட்டும் தேடினாலும் கிடைக்காது. தெமட்டகொடை என்ற பெயரே தெமட்ட மரத்திலிருந்து வந்தது என்பார்கள். தமிழில் அது குமிழ். மஞ்சட் பூப் பூப்பது. எனது அறுபது வருட வாழ்வில் இங்கு ஒரு தெமட்ட மரத்தைக்கூட நான் கண்டதில்லை.

ஆனால் இந்த நகரத்தின் பெருந்தோட்டம் ஒன்று எங்கள் பக்கத்து ஊரில்தான் உருவாகியது. ஒல்லாந்த ஆளுநர் ஃபால்க்கின் காலத்தில் (1765–1785), காட்டில் உரிக்கப்பட்டு வந்த கறுவாவை மருதானையில் தோட்டப் பயிராக நட்டுப் பார்த்தார்கள். அது பரவிய நிலம் பின்னர் கறுவாத்தோட்டம் என்று பெயர் பெற்றுச் செல்வர்களின் வதிவிடமாகியது. எம்மவர் நிலை வேறு. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் காணி வைத்திருப்பதற்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து இருந்துவந்த தடை, பிரித்தானியர் ஆட்சியில் 1832 இல்தான் நீங்கியது. வியாபாரம் செய்யலாம், வரி கட்டலாம், ஊழியம் புரியலாம். ஒரு மல்லிகைக் கொடி நடுமளவு மண் மட்டும் சொந்தமாக இருக்கக் கூடாது. எமது சமூகத்தின் தோட்டக்கலையைப்பற்றி எழுதுகிறவர் எவரும் இந்த வருடத்தைத் தாண்டிப் போக முடியாது.

எங்கள் தோட்டத்தில் உம்மாவுக்கு வாய்த்தது, சுவரோரமாக இரண்டு முழ அகலமும் ஒரு கட்டில் நீளமும் கொண்ட மண். மறுபுறம் கால்வாய். அந்தத் துண்டில் அவர் வேறெதையும் விட அதிகமாக நட்டது, நாங்கள் சிங்களப் பெயரை அப்படியே எடுத்துத் தாஸ்பெத்தி என்று சொல்லிவந்த மஞ்சட் பூவைத்தான்.

வேலை செப்டெம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். மண்ணைக் கிளறி, சாம்பலும் மாட்டெருவும் கலந்து ஒரு கிழமை காயவிட வேண்டும். வாப்பா தையற்காரர். அவர் வெட்டிக் கழித்த துணித் துண்டுகளில்தான் விதைகள் முடிச்சாக இருக்கும். கறுத்த ஈர்க்குத் துண்டைப்போல் மெலிந்து, நுனியில் வெளிறிய குஞ்சம் வைத்த விதை. பழைய பேசினில் தும்புச்சோறும் மணலும் பரப்பி, விதை மறையுமளவு மட்டும் மூடித் தெளித்தால் ஐந்தாறு நாளில் முளைத்துவிடும். மழை நேரடியாக விழுந்தால் நாற்று அடி அழுகிச் சாயும். ஆகவே இடி கேட்டதும் பேசினைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடுவது பிள்ளைகளின் பொறுப்பு. பாடப் புத்தகத்தின் ஓட்டம் எங்களுக்கு இதுதான்.

நான்கு இலை வந்ததும் பிடுங்கி நடுகை. ஒரு மாதத்தில் நுனி கிள்ளல். இதில்தான் உம்மாவுக்கும் எனக்கும் தகராறு. முதல் மொட்டு எட்டிப் பார்க்கும்போது அதைக் கிள்ளி எறிய எனக்கு மனம் வராது.

"கிள்ளுங்க மகன். கிள்ளாட்டி ஒத்தப் பூவோட நின்டுரும்."

கிள்ளிய செடி பக்கக் கிளை விட்டு டிசம்பரில் குடை விரித்தாற்போல் நிற்கும். இரவில் சிமினி விளக்கோடு நத்தை பொறுக்குவோம். கோழி முட்டையளவு தடித்த ஆபிரிக்க நத்தை, 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று அதை வந்தேறி என்று யாரும் சொல்வதில்லை. மிளகாய்க் கன்றைத் தின்றால் மட்டும் ஏசுவார்கள். தாஸ்பெத்தியின் வேரிலிருந்து கசிகிற ஒரு பொருள் மண்ணிலுள்ள வட்டப்புழுக்களைக் கொல்கிறது என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். உம்மா அது தெரியாமலேயே கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவில் அதை நட்டார்.

பூத்தபின் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அந்தப் பூவுக்கு உபயோகமே இல்லை. தலையில் வைக்க மல்லிகை, மையித்துக்கு வேறு வாசனை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா போயா தினத்தில் வந்து விகாரைக்கென்று ஒரு தட்டுப் பறித்துப் போவார். மூன்றாம் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு மாலை கட்டக் கேட்பார்கள். பூ முந்தாத வருடங்களில் முகம் வாடிப்போகும். உம்மாவுக்கு எஞ்சுவது விதையும் கையில் ஒட்டிய அந்தக் காரமான பச்சை வாசமும். அதற்காகவா இவ்வளவு பாடு என்று வாப்பா கேட்பார். மறுமொழி வராது.

1988 இல் வியாபார நிமித்தம் சென்னை சென்றிருந்தேன். பாரிமுனைக்கு அருகே பூக்கடைப் பகுதியில் கூடை கூடையாகத் தாஸ்பெத்தி குவிந்திருக்கக் கண்டு நின்றுவிட்டேன். என் தொப்பியைப் பார்த்த பூக்காரம்மா கேட்டார்:

"என்ன பாய், துலுக்கச் சாமந்தி வேணுமா?"

தலையில் ஒரு குட்டு வைத்தாற்போல் இருந்தது. அவர் என்னைச் சொல்லவில்லை, பூவைத்தான் சொன்னார். செவ்வந்தியும் சாமந்தியும் நாட்டுப் பூ. இது வெளியிலிருந்து வந்தது, ஆகவே துலுக்கச் சாமந்தி. துலுக்கச் செவ்வந்தி என்றும் வழக்குண்டு. துருக்கர் என்பதன் திரிபான அந்தச் சொல்லைத் தமிழக முஸ்லிம்கள் ஏச்சாகவே கேட்டுப் பழகியவர்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாராகச் சந்நிதியும் பெற்றிருக்கிற சொல்தான் அது. ஒரு சொல் எந்த வாயில் எந்தத் தொனியில் வருகிறது என்பதே காரியம். பூக்காரம்மாவின் தொனியில் விஷமில்லை. ஆனாலும் ஊர் திரும்பும்வரை அது என்னை விடவில்லை.

உண்மையில் இந்தப் பூவுக்கும் துருக்கிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இதன் தாயகம் மெக்சிக்கோ. அஸ்தெக் மக்களின் நாவாற் மொழியில் இதன் பெயருக்கு இருபது பூ என்று பொருள். இதழ்களின் பெருக்கத்தைக் குறித்தது. 1521 இல் அவர்களது தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. இருபத்தொரு வருடங்களின் பின், 1542 இல், ஜேர்மன் மருத்துவர் லியொன்ஹார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலில் இந்தச் செடியின் படம் இருக்கிறது. அதே நூலில் அமெரிக்கச் சோளத்துக்கு அவர் கொடுத்த பெயர் துருக்கித் தானியம். 1535 இல் ஐந்தாம் சார்ல்ஸ் துனிஸ் நகரைக் கைப்பற்றியபோது படையினர் அங்கிருந்து இந்தப் பூவைக் கொண்டுவந்தனர் என்றொரு கதையும் அந்த நூற்றாண்டிலேயே பரவியது. பெரிய இனத்துக்கு ஆபிரிக்கப் பூ என்ற பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது அப்படித்தான். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பொருளை முஸ்லிமின் கணக்கில் எழுதிவிடுவது அக்கால ஐரோப்பாவின் வழக்கம். போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னர் தமிழ்க்கரை சேர்ந்த பூவுக்கு நம்மவர்களும் அதே கணக்கைத் தொடர்ந்தது விந்தைதான்.

போர்த்துக்கேயர் எங்களுக்கும் அதையே செய்தார்கள். மொரோக்கோவிலும் ஸ்பெயினிலும் தாம் போரிட்ட முஸ்லிம்களை அவர்கள் 'மோரோ' என்றழைத்தனர். இலங்கைக் கரையில் தொப்பியணிந்த வியாபாரிகளைக் கண்டதும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதைக் குடிசனமதிப்பில் ஏற்றினார்கள். இன்றுவரை பிறப்புச் சான்றிதழில் இலங்கைச் சோனகர் என்று தமிழிலும் 'மூர்' என்று ஆங்கிலத்திலும் எழுதி வருகிறோம். மொரோக்கோவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

துருக்கியர் இலையுதிர்காலத்தில் உண்மையில் நட்ட பூ வேறு. லாலே எனப்படும் டியூலிப். அதன் கிழங்கைக் குளிருக்குமுன் மண்ணில் இறக்கினால்தான் வசந்தத்தில் பூக்கும். மூன்றாம் அஹ்மத் சுல்தானின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையான காலத்துக்கே பிற்கால வரலாற்றாசிரியர் லாலே யுகம் என்று பெயரிட்டனர். கிழங்கு விலை ஏறிப்போய் அரசே விலைப்பட்டியல் வெளியிட வேண்டியதாயிற்று. அரபு எழுத்தில் லாலே என்பதற்கும் அல்லாஹ் என்பதற்கும் எழுத்துக்கள் ஒன்றே. அப்ஜத் கணக்கில் இரண்டும் 66. அந்தப் பூவின்மேல் அவர்கள் கொண்ட பற்றில் இதற்கும் பங்குண்டு. அதற்கும் முன்னே, 961ஆம் ஆண்டில் குர்துபாவில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி, வயலிலும் தோட்டத்திலும் மாதந்தோறும் நடப்பவற்றைச் சொல்கிறது. தோட்ட வேலைக்கு நாள் குறிப்பது எமது முன்னோருக்கு எழுத்து வேலையாகவும் இருந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த நான்கு லாலே கிழங்குகளை உம்மா ஒருமுறை ஆசையோடு நட்டார். கொழும்பு வெப்பத்தில் அவை அழுகின. வெங்காய நாற்றம் ஒரு கிழமை போகவில்லை.

கொழும்பிலும் பூக்களுக்கு ஒரு வரவேற்பு மண்டபம் இருந்தது. கொம்பனித்தெருவில் கியூ வீதி என்ற பெயர் அதன் எச்சம். லண்டன் கியூ பூங்காவின் பெயரில் அங்கு பிரித்தானியர் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினர். அதைப் பொறுப்பேற்க 1812 இல் சீனாவின் கன்டொன் நகரிலிருந்து வந்தவர் வில்லியம் கெர் என்ற தோட்டக்காரர். அங்கிருந்து பல சீனச் செடிகளை லண்டனுக்கு அனுப்பியவர். கெரியா என்ற மஞ்சட் பூச்செடி அவர் பெயரையே தாங்குகிறது. இரண்டே வருடங்களில், 1814 இல், இலங்கையிலேயே இறந்துபோனார். தோட்டம் 1813 இல் களுத்துறைக்கும் 1821 இல் பேராதனைக்கும் இடம் மாறியது. கியூ வீதியில் நடக்கும் மலாய்ச் சகோதரர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறதென்று அறிந்தவர் அரிது.

தோட்டங்கள் இடம் மாறும். எங்களுடையதும் மாறியது. 2014 இல் வரிசை வீடுகள் உடைக்கப்பட்டன. எங்களுக்குக் கிடைத்தது எட்டாம் மாடி. வீடு நல்ல வீடுதான், கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. குறை சொன்னால் நன்றி கெட்டவனாவேன். சாமான் ஏற்ற வந்த லொறியில் மண்ணுக்கு இடமில்லை என்றார்கள். உம்மா இரண்டு அரிசிப் பைகளில் சுவரோர மண்ணை அள்ளிக் கட்டி, அவற்றின்மேல் உட்கார்ந்தே வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

எட்டாம் மாடியில் செடி வளர்ப்பது இன்னொரு கல்வி. காற்று கூடுதல், வெயில் ஒரு பக்கம்தான். கிள்ளும் வேலை என்னிடம் வந்தது. 2017 இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக்கு உள்ளானபோது பூச்சாடித் தட்டுகளைச் சோதிக்க வந்தார்கள். தட்டுகளை வீசிவிட்டு மணல் நிரப்பிய தகரங்களில் சாடிகளை வைத்தோம். அந்த வருடம் பூ குறைவு. கீழ்வீட்டுக்காரர் மேலிருந்து தண்ணீர் சொட்டுவதாகச் சண்டை பிடித்தார். ஜனவரியில் அவருடைய மகளின் பாடசாலை விழாவுக்கு எங்களிடம்தான் பூ கேட்டு வந்தார்.

உம்மா 2019 நவம்பரில் காலமானார். குப்பியாவத்தை மையவாடியில் அடக்கினோம். மூன்றாம் நாள் போனபோது, பக்கத்துக் கபுறொன்றில் யாரோ நட்ட குரோட்டன் தளிர்த்திருந்தது. மெக்சிக்கோவில் நவம்பர் முதலிரு நாட்களிலும் இறந்தோரின் கல்லறைகளில் இதே மஞ்சட் பூவை வீதியெங்கும் வாசம் அடிக்கக் குவிக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். இருபது பூ என்றார்கள் அவர்கள். உர்தூவில் இதற்கு ஸத்பர்க், நூறிதழ். தாஸ்பெத்தி என்றால் ஆயிரம் இதழ். கடல் கடக்கக் கடக்கத் தொகை ஏறியிருக்கிறது.

அலுமாரியில் வாப்பாவின் துணி முடிச்சு இருந்தது. கட்டம் போட்ட சாரத் துண்டு. இந்த ஒக்டோபரில், முதல் இடி விழுந்த அன்று மாலை அதை அவிழ்த்தேன். பாதி விதை புழுத்துப்போயிருந்தது. மீதியைப் பேசினில் போட்டேன். ஆறாம் நாள் பதினேழு முளைத்தன. தாழ்வாரத்தில் குனிந்து பார்த்த எதிர்வீட்டுச் சிங்கள மாது, "மல்லி, போயாவுக்கு எனக்கும் கொஞ்சம்" என்றார். டிசம்பர் போயாவுக்குத்தான் தோதுப்படும் என்றேன். நாளை மறுநாள் பிடுங்கி நட வேண்டும்.